குடிப்பவருக்கு அரசு உதவித்தொகை தரலாமா?

நெடுவழி:
ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் கேள்வி இது. வேலை இழந்தவர், உடல் முடியாதவர், தனியாகப் பிள்ளை வளர்ப்பவர் ஆகியோருக்கு அரசு மாதாமாதம் பணம் தருவதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் பணம் வந்த அன்றே அதைக் குடித்தோ போதைப்பொருள் வாங்கியோ தீர்ப்பவருக்கும் அதே தொகையைத் தொடர்ந்து தருவது சரியா? கூடாது என்பது என் கருத்து. உதவி வேண்டுமென்றால் போதைப் பரிசோதனைக்கு வரவேண்டும், சிகிச்சையில் சேரவேண்டும். இரண்டுக்கும் மறுத்தால் பணத்தை நிறுத்திவிட வேண்டும். பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்று சும்மா சொல்லி வைக்கவில்லை.

சொந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் அப்பா குடித்தார். அம்மா யாரிடமும் கையேந்தாமல் எங்கள் மூன்று பேரையும் வளர்த்தார். "அவரால் நிறுத்த முடியவில்லை, பாவம்" என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே கோபம் வரும். எங்களைவிட அவருக்குப் பாட்டில் பெரிதாக இருந்தது. அவ்வளவுதான்.

கார்முகில்:
நெடுவழி சொல்வதோடு முழுக்க உடன்படுகிறேன். உணர்ச்சியை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். டாப்கின், புல்லர் என்ற இரண்டு பொருளியல் ஆய்வாளர்கள் கலிஃபோர்னியாவின் மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்து 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அங்கே ஏழைகளான இயலாதோருக்கும் முதியோருக்கும் தரும் எஸ்.எஸ்.ஐ. உதவித்தொகை மாதத்தின் முதல் தேதியில் வரும். மாதத்தின் முதல் ஐந்து நாள்களில் போதைப்பொருளால் மருத்துவமனையில் சேர்வோர் எண்ணிக்கை 23 சதவீதம் கூடியிருந்தது. பணம் கையில் வருகிறது, ஆள் படுக்கையில் விழுகிறார். சிலர் சாகவும் செய்கிறார்கள். இதை உதவி என்று எப்படிச் சொல்வது?

பொன்வண்டு:
நான் பதினோரு ஆண்டுகள் போதை மீட்பு மையத்தில் ஆலோசகராக இருந்தவள். நெடுவழி, உங்கள் அம்மா பட்ட பாட்டை என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. அவரைப் போன்றவர்களோடுதான் தினமும் பேசிக்கொண்டிருந்தேன். அதனாலேயே இதை எழுதுகிறேன்.

பரிசோதனை வைத்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 2011இல் ஃபுளோரிடா மாநிலம் உதவித்தொகைக்கு விண்ணப்பித்த எல்லோரையும் பரிசோதித்தது. நான்கு மாதங்களில் நாலாயிரத்துச் சொச்சம் பேர். தோற்றவர்கள் 108 பேர், அதாவது 2.6 சதவீதம். தேறியவர்களுக்குப் பரிசோதனைக் கட்டணத்தை அரசு திருப்பித் தரவேண்டியிருந்தது. மிச்சம் பிடித்ததைவிட அந்தச் செலவு அதிகம். நீதிமன்றம் அந்தச் சட்டத்துக்குத் தடை போட்டது. 2014இல் மேல்முறையீட்டிலும் மாநிலம் தோற்றது. சந்தேகப்படக் காரணமே இல்லாத ஒருவரிடம், ஏழை என்பதற்காக மட்டும் சிறுநீர் மாதிரி கேட்க முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், பலருக்கு இது தெரிவதில்லை. பல ஆண்டுகள் தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி பேதலிக்கலாம், உயிரே போகலாம். "அடுத்த வாரம் சோதனை, அதற்குள் நிறுத்து" என்று ஓர் அலுவலகம் கடிதம் அனுப்பினால், அதற்குப் பயந்து தனியாக ஓர் அறையில் நிறுத்திப் பார்ப்பவரின் கதி என்ன? அப்படி வந்து சேர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கார்முகில்:
ஃபுளோரிடா எண்ணை எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். அதில் ஓட்டை இருக்கிறது. பரிசோதனை உண்டு என்று தெரிந்தால் போதைப்பொருள் எடுப்பவர் விண்ணப்பிக்கவே வரமாட்டார். தவிர, மது சில மணி நேரத்தில் உடம்பைவிட்டுப் போய்விடும், அந்தச் சோதனை குடிப்பவரைப் பிடிக்காது. ஆக 2.6 என்பதை வைத்து யாரும் எதையும் நிரூபிக்க முடியாது.

நோய் என்ற வாதத்துக்கும் வருகிறேன். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் பின்தொடர்ந்து பார்த்தார். அங்கே ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தார். அவர்களில் ஊர் திரும்பிய முதல் ஆண்டில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்தான். பெரும்பாலானோர் பெரிய சிகிச்சை எதுவும் இல்லாமலே விட்டுவிட்டார்கள். முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பொன்வண்டு:
அதே ஆய்வைத்தான் நானும் காட்டுவேன் கார்முகில். அவர்கள் எதிலிருந்து எதற்குத் திரும்பினார்கள்? போர்க்களத்திலிருந்து வீட்டுக்கு. குடும்பம், வேலை, ஹெராயின் எளிதில் கிடைக்காத தெரு. சூழல் மாறியதும் மனிதர்கள் மாறினார்கள். நீங்கள் பணத்தை நிறுத்தச் சொல்பவருக்கு எந்தச் சூழல் மாறப்போகிறது? இருக்கும் கூரையும் போகும்.

விளிம்பு:
இடையில் ஒரு வார்த்தை. "தகுதியான ஏழை, தகுதியற்ற ஏழை" என்று பிரித்துப் பார்ப்பது இன்று வந்த பழக்கம் இல்லை. 1834இல் இங்கிலாந்தில் ஏழைகள் சட்டத்தைத் திருத்தியபோது அதை ஒரு கொள்கையாகவே வைத்தார்கள். உதவி பெறுபவரின் வாழ்க்கை, உழைக்கிறவர்களில் ஆகக் கடைநிலையில் இருப்பவரின் வாழ்க்கையைவிட மோசமாக இருக்கவேண்டும், அப்போதுதான் யாரும் சோம்பேறித்தனமாக வந்து நிற்கமாட்டார்கள் என்றார்கள். அதற்காகவே, உதவி கேட்டவர்களைத் தங்கவைத்து வேலை வாங்கிய பணி இல்லங்களில் கணவனையும் மனைவியையும் பிள்ளைகளையும் தனித்தனியாகப் பிரித்து வைத்தார்கள். வேண்டுமென்றே அவமானப்படுத்துவதுதான் அங்கே நடைமுறை. குடி அதனால் ஒழியவில்லை.

நாம் புழங்கும் சொல்லையும் கொஞ்சம் யோசியுங்கள். போதைக்கு "அடிமை" என்கிறோம். அடிமை என்று நாமே பெயர் வைத்துவிட்டு, ஏன் நீயாக எழுந்து வெளியே வரவில்லை என்று கேட்கிறோம்.

நெடுவழி:
அடிமை என்ற சொல் அப்பாவுக்குப் பொருந்தாது. வேலைக்குப் போகும் நேரத்தில் அவர் குடித்ததில்லை. மேலதிகாரி முன்னால் ஒருநாளும் தள்ளாடவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் எல்லாம். அடக்க முடிந்த இடத்தில் அடக்கினார், எங்களிடம் அடக்கவில்லை. இதற்கு உங்கள் ஆய்வு என்ன சொல்லும்?

பொன்வண்டு:
நியாயமான கேள்வி. நோய் என்று சொன்னதும் பொறுப்பு முழுவதும் கரைந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. சில மணி நேரம் அடக்கத் தெரிவதும் பல மாதம் அடக்கத் தெரிவதும் ஒன்றில்லை, இதை மையத்தில் தினமும் பார்த்தேன். ஆனால் உங்களை அடித்ததற்கோ ஏசியதற்கோ அவர் பொறுப்பில்லை என்று யாராவது சொன்னால் நானும் ஏற்கமாட்டேன்.

மறுகரை:
நீங்கள் எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும் ஆள் நான்தான். குடியை விட்டு ஆறு ஆண்டும் நான்கு மாதமும் ஆகிறது. அதற்கு முன் இரண்டு ஆண்டு அரசுப் பணத்தில் வாழ்ந்தேன். அதில் ஒரு பகுதியைக் குடித்தேன். மறைக்க ஒன்றுமில்லை.

கார்முகில் சொன்ன முதல் தேதி எனக்குத் தெரியும். முந்தைய இரவே தூக்கம் போய்விடும். கை நடுங்கும். பணம் வந்துவிட்டதா என்று விடியும்வரை பார்த்துக்கொண்டே இருப்பேன். அந்த ஐந்து நாள் கணக்கில் என்னைப் போன்றவர்கள் இருக்கிறோம், அது பொய் இல்லை.

ஆனால் நிறுத்தியும் பார்த்தார்கள். ஒரு நேர்காணலுக்குப் போகாததால் நான்கு மாதம் பணம் வரவில்லை. அந்த நான்கு மாதத்தில் நான் குடிக்காத நாள் ஒன்றுகூட இல்லை. முதலில் வாடகை நின்றது. அப்புறம் அறை போனது. அப்புறம் கைப்பேசி போனது. சிகிச்சை மையத்தில் ஒரு படுக்கைக்குப் பெயர் கொடுத்து வைத்திருந்தேன். இடம் காலி என்று அவர்கள் கூப்பிட்டது எனக்குத் தெரியவே இல்லை. காசு குறைந்தால் குடி குறையும் என்று நினைக்கிறீர்கள். மற்ற எல்லாம் போன பிறகுதான் குடி போகும்.

யார் பொறுப்பு என்று கேட்டால், நான்தான். முதல் டம்ளரை யாரும் என் வாயில் ஊற்றவில்லை. குடியை விட்டவர்களின் கூட்டங்களில் இன்றும் எழுந்து நின்று இதைச் சொல்கிறேன்.

கார்முகில்:
மறுகரை, நேர்மையாக எழுதியதற்கு நன்றி. அப்படியானால் எதுதான் வேலை செய்தது?

மறுகரை:
மறுபடி பணம் வந்தபோது என் கைக்கு வரவில்லை. அக்கா பெயருக்கு வந்தது. வாடகையை அவளே கட்டினாள். மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தந்தாள். அறை நிலைத்தது. அறை நிலைத்ததால் மருந்தை ஒழுங்காக எடுக்க முடிந்தது. இரண்டு தடவை சறுக்கினேன், மூன்றாம் முறை பிடித்துக்கொண்டேன்.

நெடுவழி:
அந்த அக்காவுக்கு என்ன கிடைத்தது?

மறுகரை:
ஒரு தடவை அவளிடமே கேட்டேன். "நீ வாசலில் நின்று கத்தின நாள்களை நான் மறக்கவில்லை" என்றாள். அதற்குமேல் பேசவில்லை.

சாரல்:
இந்த உரையாடலை இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். அந்த அக்காவின் இடத்தில் நான் இருந்திருக்கிறேன், மனைவியாக. பணம் என் பெயரில் வரும். வரும் நாள் அவருக்கும் தெரியும். அன்று சாயங்காலம் என்ன நடக்கும் என்பதை எழுத விரும்பவில்லை. வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணிடம் பணத்தைக் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். அரசு செய்யவேண்டிய காவல் வேலையை அவள் தலையில் கட்டிவிடுகிறீர்கள்.

அதே நேரம் நெடுவழி சொல்வது போல நிறுத்தியிருந்தாலும் எனக்குத்தான் அடி. அவர் குடிக்கு வழி கண்டுபிடித்திருப்பார். பிள்ளைகளுக்குத்தான் ஒன்றும் இருந்திருக்காது.

விளிம்பு:
சாரல், இதை எழுதியதற்கு நன்றி. இன்னொன்று. ஏழைக்குப் பணம் கொடுத்தால் மதுவுக்கும் புகையிலைக்கும்தான் போகும் என்ற நம்பிக்கையை உலக வங்கிக்காக எவன்ஸ், போபோவா என்ற இருவர் 2014இல் ஆராய்ந்தார்கள். ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்கா எனப் பல நாடுகளின் 19 ஆய்வுகள். உதவித்தொகையால் அந்தச் செலவு கூடியதாகத் தெரியவில்லை, பல இடங்களில் குறைந்தே இருந்தது. உதவி பெறும் எல்லோர் மீதும் குடிகாரப் பட்டம் ஒட்டுவதையாவது நிறுத்தலாம்.

கார்முகில்:
அது சராசரி. ஏற்கெனவே போதையில் இருப்பவரைப் பற்றி அது பேசவில்லை, கலிஃபோர்னியா ஆய்வு பேசுகிறது. ஆனால் எல்லோரையும் சந்தேகிப்பது தவறு என்பதை ஏற்கிறேன். பரிசோதனை விஷயத்தில் என் பழைய நிலையிலிருந்து இறங்கி வருகிறேன்.

அமெரிக்காவின் வரலாற்றையும் பார்க்கவேண்டும். அங்கே போதை காரணமாக எஸ்.எஸ்.ஐ. பெற்றவர்களுக்கு 1972 முதலே பணம் வேறொருவர் வழியாகத்தான் போனது, சிகிச்சையும் நிபந்தனை. 1994இல் மூன்று ஆண்டு வரம்பு வைத்தார்கள். 1996இல் அந்த வழியையே மூடிவிட்டார்கள். அப்படி நிறுத்தப்பட்டவர்களில் பலர் வேறு நோய்களின் பேரில் திரும்பவும் தகுதி பெற்றார்கள். ஆக, நிறுத்துவது நான் நினைத்த அளவுக்கு எளிது இல்லை. நிபந்தனை மட்டும் வேண்டும் என்றுதான் இன்னமும் நினைக்கிறேன்.

பொன்வண்டு:
நிபந்தனை என்ற சொல்லுக்கே நான் எதிரி இல்லை. எந்தப் பக்கத்திலிருந்து வைக்கிறீர்கள் என்று பாருங்கள். 1990களின் தொடக்கத்தில் ஸ்டீஃபன் ஹிக்கின்ஸ் என்ற ஆய்வாளர், கொக்கேய்ன் பழக்கம் உள்ளவர்களிடம் ஒவ்வொரு சுத்தமான பரிசோதனைக்கும் பொருள் வாங்கும் சீட்டு கொடுத்துப் பார்த்தார். தொடர்ந்து சுத்தமாக இருந்தால் சீட்டின் மதிப்பு ஏறிக்கொண்டே போகும். அந்த முறை நன்றாக வேலை செய்தது, பிறகு பல ஆய்வுகளில் உறுதியும் ஆனது. வாடகைக்கும் பிள்ளைக்குமான பணத்தில் கை வைக்காமல், அதற்கு மேல் தருவதற்கு நிபந்தனை வையுங்கள். வாடகை நேரடியாக வீட்டுக்காரருக்குப் போகட்டும். மீதியைக் கவனிக்கும் பொறுப்பு அக்காவுக்கோ மனைவிக்கோ வேண்டாம், சம்பளம் வாங்கும் ஓர் ஊழியருக்கு இருக்கட்டும். அவர் வாசலில் நின்று யாரும் கத்த முடியாது.

சாரல்:
இதை அன்றைக்கு யாராவது எனக்குச் சொல்லியிருந்தால்.

நெடுவழி:
இரண்டு நாளாக எதுவும் எழுதவில்லை, மன்னிக்கவும். எழுதியதை எல்லாம் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். யாரிடமும் கையேந்தாமல் வளர்த்தார் என்று நான் பெருமையாக எழுதிய இடத்தில் நிறுத்தச் சொன்னார். அப்போது உதவித்தொகை இருந்தது, விண்ணப்பத்தை வாங்கி வீட்டில் வைத்திருந்தேன் என்றார். எனக்கு இது இத்தனை ஆண்டும் தெரியாது. ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டேன். கணவர் என்ன செய்கிறார் என்று அதில் ஒரு கேள்வி இருந்ததாம். "அதைக் கொண்டுபோய் நீட்டினால் குடிகாரன் பெண்டாட்டி என்று பார்ப்பார்கள். உங்களையும் அப்படித்தான் பார்ப்பார்கள்" என்றார். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இன்னொரு வீட்டில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்.

அப்பா விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. சிகிச்சைக்கு வரமாட்டேன் என்பவர் கையில் பணத்தைக் கொடுக்கக்கூடாது என்பதும் மாறவில்லை. ஆனால் பணத்தை அடியோடு நிறுத்தவேண்டும் என்று முதலில் எழுதினேனே, அந்த வரியை எடுத்துவிடுகிறேன்.