200டி மார்க் 2-க்கு எந்த ஃப்ளாஷ்? ரா படத்துக்கு எந்த மென்பொருள்?

வளவுக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். ஆவணிக் கடைசியில் தங்கச்சிக்குக் கல்யாணம். மண்டபம் இல்லை, காரைக்குடிப் பக்கம் எங்கள் பழைய வீட்டிலேயேதான். திருப்பூட்டு (தாலி கட்டுவது), மாலை மாற்று எல்லாம் எடுக்க ஆள் பேசியாயிற்று. அவர் வேலையில் நான் குறுக்கே போகப் போவதில்லை. எனக்கு வேண்டியது அவர் எடுக்காத படங்கள். முதல் நாள் ராத்திரி பட்டாசாலையில் (கூடத்தில்) காய் நறுக்க உட்காரும் அத்தைமார், விடிவதற்கு முன் கோட்டையடுப்பு, அதாவது விசேஷத்துக்குப் போடும் பெரிய அடுப்புப் பக்கம் நிற்கும் சமையல்காரர், முகப்பில் காபிக்குக் காத்திருக்கும் தாத்தாக்கள்.

கையில் இருப்பது கேனன் 200டி மார்க் 2, கூட வந்த 18-55, அப்புறம் ஒரு 50 எம்எம் எஃப் 1.8. வீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், சிக்கலே அங்கேதான். வளவுக்கு, அதாவது நடு முற்றத்துக்கு மேலே வானம். சுற்றி இருட்டுத் தாழ்வாரம். பட்டாசாலைக்கு மேலே பர்மா தேக்குப் பலகை, விளக்குப் புகை ஏறி ஏறிக் கறுத்துப் போனது. போன பொங்கலுக்கு கேமராவோடு இருக்கிற குட்டி ஃப்ளாஷில் எடுத்தேன். அத்தை முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி, பின்னால் ஒரே கும்மிருட்டு. ஃப்ளாஷை அணைத்துவிட்டு ஐஎஸ்ஓவை (ஒளி உணர்வு அளவை) 6400-க்கு ஏற்றி எடுத்தால் படம் முழுக்க ரவை தூவியது போலப் புள்ளி.

கோடாக்ஸ் டிடி600 மாதிரி, சக்தியை நாமே வைக்கும் மேனுவல் ஃப்ளாஷ் போதுமா, கேமராவே அளந்து சக்தியை வைக்கும் டிடிஎல் இருப்பதுதான் வேண்டுமா? மாமா அந்தக் காலத்தில் வாங்கிய விவிட்டார் 283 ஒன்று பீரோவில் தூங்குகிறது. அதைத் துடைத்து மாட்டினால் ஓடுமா?

ரா-வில், அதாவது கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பாக எடுக்கச் சொல்கிறார்கள். எடுத்துவிடுவேன், எதில் திறப்பது? நண்பன் ஒருவன் லைட்ரூம் 6 பென்டிரைவில் வைத்திருக்கிறான். மாதா மாதம் சந்தா கட்ட மனசு வரவில்லை. லேப்டாப் ஐ3, 8 ஜிபி. எல்லாமாகச் சேர்த்து 15,000-க்குள் முடிக்க வேண்டும்.

குட்டிலென்ஸ்

டிடி600 வாங்குங்கள் நண்பா, யோசிக்கவே வேண்டாம். என் நிக்கான் டி5300-இல் நாலு வருஷமாக அதுதான். கை பழகிவிட்டால் டிடிஎல் எதற்கு? மிச்சக் காசில் ஒரு சாஃப்ட்பாக்ஸ் வாங்கிவிடலாம். மென்பொருள் பற்றி எனக்குத் தெரியாது, நான் ஜேபெக் ஆள்.

இருட்டறை

குட்டிலென்ஸ் தம்பி, உங்கள் நிக்கானுக்கு அது சரி. இவர் கேமராவுக்கு ஆகாது. வாங்கிவிடப் போகிறாரே என்றுதான் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுதுகிறேன்.

வளவுக்காரரே, உங்கள் கேமராவின் மேலே ஃப்ளாஷ் மாட்டும் இடத்தைப் பாருங்கள். மற்ற கேமராக்களில் நடுவில் பெரிதாக ஓர் உலோக வட்டம் இருக்கும். உங்களுடையதில் இருக்காது. 2019-இல் வந்த 200டி மார்க் 2-இல் கேனன் அதை எடுத்துவிட்டது. ஓரத்தில் உள்ள சிறு புள்ளிகள் மட்டும்தான், அவை கேனன் பாஷை தெரிந்த ஃப்ளாஷோடு மட்டும் பேசும். டிடி600 போன்ற மேனுவல் ஃப்ளாஷுக்கு அந்த நடுப் பின் ஒன்றுதான் காது. அது இல்லாவிட்டால் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் அடிக்காது. மாமாவின் விவிட்டாருக்கும் இதே கதி. அது ஒரு வகையில் நல்லதும்கூட. பழைய 283-களில் சிலவற்றின் பின்னில் 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், இன்றைய கேமராவில் மாட்டுகிற சரக்கில்லை. பீரோவிலேயே இருக்கட்டும், பார்க்க அழகான சாமான்.

ஆகவே உங்களுக்கு டிடிஎல்தான் வழி, ஆசைக்காக இல்லை, வேறு வழியில்லாததால். கோடாக்ஸ் டிடி685-இன் இரண்டாம் பதிப்பு, கேனனுக்கான 'சி' என்று பார்த்து வாங்குங்கள். டப்பாவில் 'என்', 'எஸ்' என்று இருந்தால் அது நிக்கான், சோனிக்கு. அல்லது கேனனின் 430இஎக்ஸ் வரிசையில் நல்ல நிலையில் பழையது கிடைத்தால் அதுவும் சரி. எதுவானாலும் கேமராவைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே மாட்டி, பத்துப் படம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும்.

டப்பாவில் கைடு நம்பர் 60 என்று பெரிதாகப் போட்டிருக்கும். அது 200 எம்எம் ஜூமில் சொன்ன கணக்கு. 35 எம்எம்-க்கு வந்தால் 36 என்று வைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அப்படித்தான் வரும். அந்த எண்ணைத் தூரத்தால் வகுத்தால் ஐஎஸ்ஓ 100-க்கான எஃப் எண் (லென்ஸ் திறப்பின் அளவு, எண் ஏறினால் திறப்பு சிறுக்கும்). மூன்று மீட்டரில் நேராக அடித்தால் எஃப் 12. வேண்டியதற்கு மேலேயே இருக்கிறது. ஆனால் நேராக அடித்தால் அத்தைக்கு மறுபடியும் சுண்ணாம்புதான். ஃப்ளாஷ் பெரிதானதால் முகம் மென்மையாகாது, ஒளி வரும் பரப்பு பெரிதாக வேண்டும். அதற்குத்தான் கூரையில் அடித்துத் திருப்புவது.

உங்கள் கூரையோ கறுத்த தேக்கு. பாதிக்கு மேல் வெளிச்சத்தை அது விழுங்கிவிடும், மிச்சத்தை ஆரஞ்சு நிறமாகத் துப்பும். வளவில் நின்று மேலே அடித்தால் அது காக்கைக்குத்தான் போகும். இதற்காகத்தான் சொல்கிறேன், ஃப்ளாஷைத் தேர்ந்தெடுக்கும் முன் வீட்டைத் தேர்ந்தெடுங்கள். அதாவது வீட்டுக்குள் வெள்ளை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். செட்டிநாட்டு வீட்டில் கூரை கறுப்பாக இருந்தாலும் சுவர் வெள்ளைதானே, சுண்ணாம்பு இழைத்து வழவழவென்று இருக்குமே. ஃப்ளாஷின் தலையை மேலே திருப்பாமல் பக்கவாட்டில், அந்தச் சுவரைப் பார்த்துத் திருப்புங்கள். ஒரு பக்கத்திலிருந்து ஜன்னல் வெளிச்சம் விழுவது போல வரும்.

சுவர் தள்ளி இருந்தால் ஒரு தெர்மாகோல் ஷீட் வாங்கி ஒரு பையனைப் பிடிக்கச் சொல்லுங்கள். நாங்கள் இருபது வருஷம் கல்யாணம் எடுத்தது இப்படித்தான். ஷீட் ஒன்றரை மீட்டரில், அங்கிருந்து அத்தை மூன்று மீட்டரில். மொத்தம் நாலரை. 36-ஐ நாலரையால் வகுத்தால் 8. ஷீட்டில் பட்டுச் சிதறியதில் இரண்டு ஸ்டாப் போச்சு, அதாவது வெளிச்சம் இரண்டு முறை பாதியாச்சு என்றால் எஃப் 4. அது ஐஎஸ்ஓ 100-க்கு. ஐஎஸ்ஓ 800 வைத்தால் அதே எஃப் 4-க்கு முழு சக்தியில் எட்டில் ஒரு பங்கே போதும். அப்படியென்றால் படபடவென்று அடுத்தடுத்து எடுக்கலாம், ஃப்ளாஷும் சூடாகாது.

ஷட்டரை 1/200-இல் வைக்காதீர்கள், அது உங்கள் கேமராவின் உச்ச சிங்க் வேகம், அதாவது ஃப்ளாஷோடு சேர்ந்து ஓடும் உச்ச ஷட்டர் வேகம். ராத்திரியில் 1/60-க்கு இறக்கினால் பின்னால் எரியும் குத்துவிளக்கும் படத்துக்குள் வரும். கும்மிருட்டுக்கு மருந்து அதுதான், பலரும் இதை விட்டுவிட்டு இன்னும் பெரிய ஃப்ளாஷ் தேடுவார்கள்.

பகலில் வளவு வெயிலில் ஆளை நிழலில் நிறுத்தி எடுப்பது வேறு கதை. ஐஎஸ்ஓ 100, 1/200 வைத்தால் வெயிலுக்கு எஃப் 11 கேட்கும். மூன்று மீட்டரில் நேராக அடித்தால் உங்கள் ஃப்ளாஷ் முழு சக்தியில் அதற்குச் சரியாக எட்டும். பக்கத்தில் போனால் குறைத்துக்கொள்ளலாம். அந்த உச்சத்தைத் தாண்டவிடும் ஹை ஸ்பீடு சிங்க் போட்டு 1/1000-க்குப் போகலாம்தான், ஆனால் சக்தி வெகுவாகக் குறைந்துவிடும்.

பேட்டரியில் கஞ்சத்தனம் வேண்டாம். எனலூப் மாதிரி ரீசார்ஜ் செய்யும் ஏஏ எட்டு வாங்குங்கள், நாலு உள்ளே, நாலு பையில். சாதாரண அல்கலைன் போட்டால் நாலு படத்துக்குப் பிறகு ஃப்ளாஷ் மூச்சு வாங்கும். கடைக்காரர் வெள்ளை பிளாஸ்டிக் மூடி ஒன்றைச் சேர்த்துத் தள்ளப் பார்ப்பார். நாலு பக்கமும் வெள்ளைச் சுவர் உள்ள சின்ன அறையில் அது உதவும், வளவில் வெளிச்சத்தைத் தின்பதைத் தவிர வேறொன்றும் செய்யாது.

இன்னொன்று, டிடிஎல்லை முழுக்க நம்பாதீர்கள். எதிரே வெள்ளை வேட்டி சட்டையாக உட்கார்ந்திருந்தால் 'அடேயப்பா எவ்வளவு வெளிச்சம்' என்று அது அடக்கி வாசிக்கும், முகங்கள் இருண்டுவிடும். ஃப்ளாஷ் காம்பன்சேஷனில் முக்கால் ஸ்டாப் போல ஏற்றுங்கள்.

மென்பொருளுக்கு நான் ஆளில்லை, ஃபிலிம் கழுவியே வயசாகிவிட்டது. கடுகுமணி வருவார்.

கடுகுமணி

வந்துவிட்டேன் சார்.

வளவுக்காரன் அண்ணா, முதலில் அந்தப் பென்டிரைவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். திருட்டு நகல், சரி, அது ஒரு காரணம். அதைவிட, அது உங்களுக்கு உதவவே உதவாது. உங்கள் கேமராவின் ரா கோப்பு சிஆர்3 என்ற புது வகை. லைட்ரூம் 6-க்கு 2017-உடன் புதுப்பிப்பு நின்றுவிட்டது, சிஆர்3 அதற்குத் தெரியாது.

இன்றைக்கே செய்யக்கூடியது: கேனனின் சொந்த மென்பொருள், டிஜிட்டல் போட்டோ புரொஃபஷனல். இலவசம். கேமராவின் அடியில் உள்ள சீரியல் எண்ணைக் கொடுத்தால் கேனன் தளத்தில் இறக்கிக்கொள்ளலாம். கேமராத் திரையில் பார்த்த அதே நிறம் அதில் வரும், அதுதான் அதன் பெரிய லாபம். ஆமை வேகம், அது நஷ்டம். உங்கள் ஐ3-இல் ஒரு படம் வெளியே வருவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். விண்டோஸ், மேக் இரண்டுக்கும்தான் உண்டு. என்னைப் போல உபுண்டுவில் இருந்தால் கிடையாது.

நான் வைத்திருப்பது டார்க்டேபிள். இதுவும் இலவசம், திறந்த மூலம். 2009-இலிருந்து வளர்ந்து வருகிறது. புதிய பதிப்பாகப் பார்த்துப் போடுங்கள், பழையவை சிஆர்3-ஐத் திறக்காது. முதல் முறை திறக்கும்போது ஒரு அதிர்ச்சி காத்திருக்கிறது. பட்டியலில் படம் பளிச்சென்று தெரியும். இரட்டைச் சொடுக்குப் போட்டு உள்ளே போனதும் ஊறவைத்த துணி போல வெளிறிவிடும். கெடவில்லை. முதலில் தெரிந்தது கேமரா உள்ளே வைத்த ஜேபெக் முன்னோட்டம், பிறகு தெரிவது உண்மையான ரா. எனக்கு இது தெரியாமல் ஒரு வாரம் மென்பொருளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அதில் அறுபதுக்கு மேல் கருவிகள். பயப்படாதீர்கள், நான் தொடுவது ஆறோ ஏழோ. வெளிச்சத்துக்கு எக்ஸ்போஷர், வெளிச்ச-நிழல் வேறுபாட்டுக்கு சிக்மாய்டு, நிறத்துக்கு கலர் கேலிப்ரேஷன், லென்ஸ் திருத்தம், புள்ளியைக் குறைக்கும் டீநாய்ஸ், வெட்டுவதற்கு கிராப். உங்கள் ஐஎஸ்ஓ 6400 படம் ரா-வாக இருக்கிறதா? இருந்தால் டீநாய்ஸ் போட்டுப் பாருங்கள். கேமரா மாடலைப் பார்த்து அதுவே அளவு எடுத்துக்கொள்ளும். ரவை பெருமளவு அடங்கிவிடும், ஃப்ளாஷ் வாங்கும் முன்பே.

நிறத்தைப் பற்றி ஒன்று. தேக்கில் பட்டு வந்த ஆரஞ்சை மென்பொருளில் சரிசெய்யலாம், வெளிச்சம் முழுவதும் ஒரே நிறமாக இருந்தால். ஒரு கன்னத்தில் ஃப்ளாஷ், மறு கன்னத்தில் மஞ்சள் குண்டு பல்பு என்றால் எந்த மென்பொருளும் முழுதாக மீட்காது. இருட்டறை சார் சொன்ன தெர்மாகோல் எனக்கு அதனால்தான் பிடித்தது. அதோடு, தயவுசெய்து அத்தைமாரை வெளுக்க வைக்காதீர்கள். ஆல்பக்காரர்கள் எல்லாரையும் ஒரே கோதுமை நிறத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். என் கல்யாண ஆல்பத்தில் என் அம்மாவை எனக்கே அடையாளம் தெரியவில்லை. கறுப்பு முகத்துக்கு எக்ஸ்போஷரை ஏற்ற வேண்டியதில்லை, நிழல் பக்கத்தை மட்டும் கொஞ்சம் தூக்கினால் போதும், மூக்குத்தி மின்னும்.

டார்க்டேபிள் நீங்கள் செய்த மாற்றங்களை ரா கோப்பில் எழுதாது, பக்கத்தில் எக்ஸ்எம்பி என்று ஒரு குட்டிக் கோப்பில் எழுதும். குப்பை என்று நினைத்து நான் ஒருமுறை மொத்தத்தையும் அழித்தேன். இரண்டு நாள் வேலை. நீங்கள் அழிக்காதீர்கள்.

8 ஜிபி போதும். பிரவுசரை மூடிவிட்டு வேலை பாருங்கள்.

வளவுக்காரன்

இரண்டு பேருக்கும் பெரிய நன்றி. குட்டிலென்ஸ், உங்களுக்கும்தான், நீங்கள் சொல்லாவிட்டால் அந்தப் பின் விஷயமே வெளியே வந்திருக்காது. கேமராவைத் திருப்பிப் பார்த்தேன், நடுவில் வெறும் பிளாஸ்டிக். இரண்டு வருஷமாக வைத்திருக்கிறேன், கண்ணில் படவில்லை.

இருட்டறை ஐயா, ஒரு சந்தேகம். கோட்டையடுப்புப் பக்கம் நெருப்பு வெளிச்சம் இருக்குமே, அங்கேயும் ஃப்ளாஷா?

இருட்டறை

வேண்டாம். அங்கே ஃப்ளாஷைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு 50 எம்எம்-ஐ எஃப் 2-இல் மாட்டுங்கள். ஐஎஸ்ஓ 3200. புள்ளி வந்தால் கடுகுமணியின் டீநாய்ஸ் பார்த்துக்கொள்ளும். சமையல்காரர் கொப்பரையைக் கிண்டக் குனியும்போது எடுங்கள், முகத்தில் நெருப்பு விழும்.

வளவுக்காரன்

நேற்று மதுரை போய் டிடி685 இரண்டாம் பதிப்பு 'சி' வாங்கிவிட்டேன். கடைக்காரர் முன்னாலேயே பத்துப் படம், பத்தும் அடித்தது. வெள்ளை மூடியை நீட்டினார், சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றேன். எட்டு பேட்டரியும் சார்ஜரும் சேர்த்து பட்ஜெட்டுக்குள் அடங்கியது.

ராத்திரி பட்டாசாலையில் அப்பத்தாவை உட்காரவைத்துச் சோதனை. மேலே தேக்கில் அடித்த படம் மஞ்சள்காமாலை. வடக்குச் சுவரில் அடித்ததில் காதுத் தோட்டின் கல் ஒவ்வொன்றும் தனியாகத் தெரிகிறது, பின்னால் விளக்கும் எரிகிறது. 1/60, எஃப் 4, ஐஎஸ்ஓ 800. டார்க்டேபிளில் வெளிறிய அதிர்ச்சியும் ஆயிற்று. தெர்மாகோல் பிடிக்க அண்ணன் மகன் ஒத்துக்கொண்டிருக்கிறான். கூலி, மணிக்கு ஒரு பன்னீர் சோடா.