பாலிகிராஃபுக்குத் தமிழ் என்ன? (அவசரம், வெள்ளிக்கிழமை அச்சு)

நண்பர்களே,

அமெரிக்காவின் முன்னாள் அதிபர் தாமஸ் ஜெஃபர்சன் 1823 அக்டோபர் 31 அன்று கிரேக்க அறிஞர் கொராயிஸுக்கு எழுதிய கடிதத்தை ஒரு பள்ளிக் கையேட்டுக்காக மொழிபெயர்த்தேன். கிரேக்கர்கள் துருக்கியரோடு போரிட்ட காலம். புது நாட்டுக்கு எப்படிப்பட்ட அரசியலமைப்பு வேண்டும் என்று பதவி விட்டு இறங்கிய கிழவர் யோசனை சொல்கிறார். கடிதம் முடிந்தது, படக்குறிப்பில்தான் மாட்டிக்கொண்டேன். 1804 முதல் அவர் வைத்திருந்த பாலிகிராஃப்: கையிலுள்ள பேனா எழுத எழுத, மரச்சட்டத்தில் பிணைத்த இன்னொரு பேனா பக்கத்துத் தாளில் அதையே எழுதும். அகராதியோ 'பொய் கண்டறியும் கருவி' என்கிறது! ஜெஃபர்சனைப் போலீஸ் விசாரித்ததாகப் பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். 'நகலி' போதுமா?

- ந.

----

ஐயா, 'நகல்' அரபிச் சொல். அதன் வாலில் தமிழ் இகரத்தை ஒட்டினால் தமிழாகிவிடுமா? 'படி' இருக்கிறதே. 'படியெழுதி' என்க.

- புலவர் மு.

----

> 'படியெழுதி' என்க

"ஜெஃபர்சன் படியெழுதி வைத்திருந்தார்." இது கருவியா, வினையெச்சமா? வகுப்பில் இதைப் படித்துக் காட்டிப் பாருங்கள், ஐயா.

கிரேக்கத்தில் 'பொலி' என்றால் பல, 'கிராஃப்' என்றால் எழுத்து. பழங்கிரேக்கத்தில் பொலிகிராஃபோஸ் என்றால் நிறைய எழுதிக் குவிப்பவர். ஏறக்குறைய 19,000 கடிதம் எழுதிய மனிதருக்கு அந்தப் பட்டமே பொருந்தும்! 'பல்வரைவி' என் பரிந்துரை.

- செ.

----

இரண்டே தாள் எழுதும் கருவிக்குப் 'பல்' எதற்கு? பல் மருத்துவர் கருவி போல இருக்கிறது. இரு பேனாவும் இணையாக நகர்வதுதான் விஷயம். 'இணைகோல்' எனலாம். எழுதுகோல் போலவே வினைத்தொகை, ஒற்று மிகாது.

- தே.

----

எழுதும் கோல் எழுதுகோல். இங்கே கோல்கள் ஒன்றோடொன்று இணைகின்றனவா? இல்லை, சட்டம் இணைக்கிறது. ஆகவே 'இணை' பெயர்ச்சொல், 'இணைக்கோல்' என்று மிக வேண்டும். 'கிரேக்கம்' என்று எழுதுவதும் எனக்கு உடன்பாடில்லை. "யவனர் தந்த வினைமாண் நன்கலம்" என்று அகநானூறு பாடியிருக்க, 'யவனம்' ஏன் கூடாது?

- புலவர் மு.

----

ஐயா, யவனர் என்பது கிரேக்கர் வாழ்ந்த 'அயோனியா' என்ற பகுதியின் பெயரிலிருந்து வடமொழி வழியாக வந்த சொல். ரோமரையும் சேர்த்துத்தான் சங்கப் பாட்டில் அப்படி அழைத்தார்கள். நகலுக்கு அரபிக் கதவைச் சாத்திவிட்டு யவனருக்குத் திண்ணை போட்டுக் கொடுக்கிறீர்களே!

இந்தச் சண்டை கொராயிஸுக்கும் தெரியும். துருக்கிச் சொற்களைக் களைந்து, பேச்சுக்கும் பழமைக்கும் நடுவே ஒரு கிரேக்கம் செய்ய முயன்றவர் அவர். அந்த வழியில் வளர்ந்த 'கதரெவுசா' என்னும் கிரேக்க நடை 1976 வரை அரசு மொழியாக நின்றது, வீட்டில் பேசாமலேயே. அவர் தம் நாட்டாருக்கு எழுதிய உரைகளைப் புதுக்கிரேக்க அகராதியின் சில சொற்கள் துணையிருந்தால் நானே படித்திருப்பேன் என்று ஜெஃபர்சன் இதே கடிதத்தில் எழுதுகிறார். பழங்கிரேக்கம் படித்தவர் கைக்கு எட்டியது. ஊர்க்காரர் வாய்க்கு எட்டியதா?

ஜெஃபர்சன் புதுச்சொல் கட்சி. அகராதி, வழக்கில் ஏறிய சொல்லைச் சேர்த்து வைக்கும் கிடங்குதான், புதுச்சொல் உருவாகும் பட்டறை சமூகம் என்று 1820-இல் இன்னொரு முன்னாள் அதிபர் ஜான் ஆடம்ஸுக்கு எழுதியிருக்கிறார்.

- தே.

----

சமூகத்தைக் கேட்டால் 'ஜெராக்ஸ்' என்றுதான் சொல்லும்.

- செ.

----

நண்பர்களே, மணி பதினொன்றரை. அச்சகத்திலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். இணைகோலுக்கு நால்வர், நகலிக்கு நானும் இன்னொருவரும், பல்வரைவிக்கு அதை முன்மொழிந்தவர் மட்டும். படக்குறிப்பை இப்படிப் போட்டுவிட்டேன்: "ஜெஃபர்சனின் இணைகோல் (ஒரே நேரத்தில் இரு தாளில் எழுதும் இரட்டைப் பேனாக் கருவி)". யவனம் இல்லை, கிரேக்கம்தான், மன்னிக்கவும் ஐயா.

- ந.

----

அடைப்புக்குறிக்குள் விளக்கம் வேண்டியிருக்கிறது என்றால் சொல் இன்னும் அமையவில்லை என்று பொருள். அப்புறம், 'இணைக்கோல்'. க் விடுபட்டிருக்கிறது.

- புலவர் மு.