சில்லைப் பெருப்பித்தால் சஸ்பென்ஷன் தாங்குமா?

கோப்பாயான்:
என்னுடைய டொயோட்டா அக்ஸியோவின் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் ரயர் அளவு 175/65 ஆர் 15 (அகலம் 175 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், றிம் 15 அங்குலம்). ஜப்பானிலிருந்து இறக்கிய பாவித்த 17 அங்குல அலோய் றிம்கள் நான்கு, 205/45 ரயர்களோடு, கட்டுப்படியான விலையில் வந்திருக்கின்றன. மொத்த விட்டம் பெரிதாக மாறாது என்பதால் சஸ்பென்ஷனுக்கு ஒரு பாதிப்பும் வராது என்று விற்பவர் சொல்கிறார். அனுபவமுள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பழைய சில்லு:
விற்பவரின் கணக்குச் சரி. அதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் பிழை. விட்டம் 608 மி.மீற்றரிலிருந்து 616 ஆகிறது, வேகமானி ஒரு சதவீதமளவு குறைத்துக் காட்டும், அவ்வளவே. ஆனால் ரயரின் பக்கச்சுவர் 114 மி.மீற்றரிலிருந்து 92 ஆகக் குறைகிறது. கிடங்கில் சில்லு விழும்போது முதலில் நசிந்து கொடுப்பது அந்தச் சுவர்தான். அது வாங்காத அடியைச் சஸ்பென்ஷனின் இறப்பர் புஷ்ஷும், குண்டு மூட்டான போல்-ஜொயின்ற்றும், சொக் அப்சோபரும்தான் வாங்க வேண்டும். நாளும் பொழுதும் ஒழுங்கைகளுக்குள் ஓடுகிறவருக்கு இது வேண்டாத வேலை. இரும்பு றிம் நெளிந்தால் தட்டி நிமிர்த்தலாம், அலோய் வெடித்தால் எறிய வேண்டியதுதான்.

ஏ9 ஓட்டி:
இதை நான் ஏற்க மாட்டேன். மூன்று வருடமாக 17 அங்குலத்தில் ஓடுகிறேன்; கொழும்புக்கு ஏறத்தாழ 400 கி.மீ., மாதம் ஒரு தடவையாவது போய் வருகிறேன், இன்றுவரை ஒரு புஷ்கூட மாற்றவில்லை. வளைவில் கார் முன்னரைப் போல அலைவதுமில்லை. கிடங்கைக் கண்டும் வேகத்தைக் குறைக்காதவருக்கு எந்த ரயர் போட்டும் பயனில்லை.

பழைய சில்லு:
கார்த்திகை மழையில் தெரு முழுக்க வெள்ளம் நிற்கையில் கிடங்கை எங்கே காண்பது?

கராஜ்காரர்:
இருவரும் அங்குலத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். என்னிடம் திருத்த வரும் கார்களில் நான் காணும் சேதத்துக்குப் பெரும்பாலும் ஓப்செற்தான் காரணம். றிம்மின் நடுக்கோட்டிலிருந்து, அது ஹப்பில் (சில்லைப் பூட்டும் நடுப்பகுதியில்) பொருந்தும் முகம் எத்தனை மி.மீ. வெளிப்பக்கமாகத் தள்ளியிருக்கிறது என்பதே அந்த எண். அது குறையக் குறையச் சில்லு வெளியே தள்ளி நிற்கும். நெம்புகோலை நீட்டிப் பிடித்ததுபோல ஹப் பெயரிங்கில் விசை கூடும், மேடு பள்ளத்தில் ஸ்ரியரிங் கையைப் பறிக்கும். ஹப்புக்கும் றிம்முக்கும் இடையில் ஸ்பேசர் என்ற தகட்டைப் போடுவதும் இதே கேட்டைக் காசு கொடுத்து வாங்குவதுதான். அடுத்தது நடுத்துளை: அக்ஸியோவின் ஹப்புக்கு அது 54.1 மி.மீ.; றிம்மின் துளை பெரிதாக இருந்தால், இடைவெளியை நிரப்பும் வளையம் இல்லாமல் சில்லு நடுவில் உட்காராது, வேகம் எடுத்ததும் நடுங்கும். ரயரில் பொறித்திருக்கும் பாரக் குறியீட்டையும் பாருங்கள்: 84 என்றால் ஒரு ரயர் 500 கிலோ தாங்கும், 83 என்றால் 487 கிலோ.

பொருத்திய பிறகு, மட்கார்டின் உள்விளிம்பில் சோக்குக் கட்டியைத் தடவிவிட்டு, நான்கு பேரை ஏற்றி, ஸ்ரியரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடித்து ஒரு வேகத்தடையில் ஏறி இறங்குங்கள். சோக்கு அழிந்த இடத்தில்தான் ரயர் உரசுகிறது. என்னைக் கேட்டால் 16 அங்குலத்தில் 185/55 போதும். விட்டம் 610, பக்கச்சுவர் 102. பாரக் குறியீடு 84க்குக் குறையாத ரயராக மட்டும் தேடி எடுங்கள்.

ஏ9 ஓட்டி:
ஓப்செற் பற்றி ஐயா சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது 17 அங்குலத்தின் குற்றமில்லை, பொருந்தாத றிம்மை வாங்குகிறவரின் குற்றம்.

கராஜ்காரர்:
உண்மைதான் தம்பி. ஆனால் பாவித்த றிம் வாங்க வருகிறவர்களில் எத்தனை பேர் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்க்கிறார்கள்?

கோப்பாயான்:
இன்று பார்த்தேன். றிம்மின் கம்பிக்குப் பின்னால் ஓப்செற் 30 என்று வார்த்திருக்கிறது. முன்பக்கம் ஒன்றை மாட்டிப் பார்க்க, மட்கார்டுக்கு வெளியே ஒரு விரற்கடை நீட்டிக்கொண்டு நின்றது. வீட்டில் வெங்காயம் நிறுக்கும் தராசில் வைத்தும் பார்த்தேன்: பழைய சில்லு ரயரோடு 15 கிலோ, புதியது 19½. திருப்பிக் கொடுத்துவிட்டேன், 16 தேடுகிறேன்.

ஏ9 ஓட்டி:
நாலரைக் கிலோ கூடுவதால் சஸ்பென்ஷன் கெடும் என்று நான் பயப்பட மாட்டேன். ஆனால் என்னுடைய றிம்மின் ஓப்செற் 38. 30 என்றால் எனக்கும் வேண்டாம்.

பழைய சில்லு:
16 கிடைத்தாலும் இப்போது காரிலிருக்கும் இரும்பு றிம்களை விற்றுவிடாதீர்கள்.