ஜாலான் புசார் வீட்டுச் சன்னல்: செலவு எங்களுக்கு, அழகு ஊருக்கா?

லாவெண்டர்_மருமகன்:
வணக்கம். என் மாமியார் வீடு சிங்கப்பூரில் ஜாலான் புசார் பக்கம், இரண்டு மாடிக் கடைவீடு. கடை எதுவும் கிடையாது, கீழும் மேலும் குடியிருப்புதான். மாமனார் போன பிறகு சரியாகக் கவனிக்காமல் கிடந்தது. இப்போது ஒரேயடியாகப் பழுது பார்த்துவிடலாம் என்று கட்டடக் கலைஞர் ஒருவரைக் கூப்பிட்டோம். அவர் அஞ்சடியில் (கடைவீட்டு முன்தாழ்வார நடைபாதையில்) நின்றபடியே ஆரம்பித்துவிட்டார். இது பாதுகாக்கப்பட்ட கட்டடமாம். தெருப்பக்கத்து மரச் சன்னல்களை எடுத்துவிட்டு அலுமினியம் போட முடியாதாம். ஏர்கான் கம்ப்ரசரை முன்பக்கம் மாட்டக் கூடாதாம். கூரைக்கும் மெருகு பூசாத மண் ஓடுதானாம்.

மேல்மாடிச் சன்னலில் கரையான். மழை சாய்ந்து அடித்தால் கீழ்ச்சட்டம் வழியாகத் தண்ணீர் உள்ளே வருகிறது. மாமியார் பழைய துண்டுகளை மடித்துச் சன்னலடியில் செருகி வைக்கிறார், அரை மணிக்கு ஒரு தடவை பிழிகிறார். வயதானவர் செய்கிற வேலையா இது?

வீடு எங்களுடையது. சொத்து வரி நாங்கள் கட்டுகிறோம். தச்சர் கூலியும் நாங்கள்தான் கொடுக்கப் போகிறோம். தெருவில் போகிறவர்கள் படம் எடுத்துக்கொள்ள நாங்கள் ஏன் தண்டம் அழ வேண்டும்?

மீனா_ஜூசியட்:
அண்ணே, படம் எடுக்கிறவர்களுக்காக வந்த சட்டம் இல்லை இது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் நகர நடுவில் எத்தனை தெருக்களை இடித்துத் தள்ளினார்கள் என்று உங்கள் மாமியாரையே கேட்டுப் பாருங்கள். 1989 ஜூலையில்தான் லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம், போட் கீ எல்லாம் பாதுகாப்பு வட்டாரங்களாக அரசிதழில் ஏறின. இன்றைக்கு ஊர் முழுக்க 7,200-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அதில் ஒன்றுதான் உங்கள் வீடு. ஒவ்வொருவரும் "என் ஒரு சன்னல்தானே" என்று மாற்றினால் பத்து வருடத்தில் அந்த வரிசையே போய்விடும். கடைவீட்டின் அழகு தனி வீட்டில் இல்லை, வரிசையில் இருக்கிறது.

அப்புறம், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் மட்டும் சன்னல் விஷயத்தில் என் இஷ்டம் நடக்குமா? அனுமதி பெற்ற ஒப்பந்தக்காரர்தான் மாற்ற வேண்டும். சன்னலின் அலுமினிய ரிவெட்டை எடுத்துவிட்டு துருப்பிடிக்காத எஃகு ரிவெட் போடச் சொல்லிச் சட்டமே இருக்கிறது. செலவு என்னுடையதுதான்.

லாவெண்டர்_மருமகன்:
ரிவெட் போடச் சொன்னது சன்னல் யார் தலையிலும் விழக் கூடாது என்பதற்காக. அது உயிர் சம்பந்தப்பட்டது. எங்களிடம் கேட்பது அழகு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் தங்கச்சி.

கணக்கன்_65:
தண்டம் என்று சொல்கிறீர்கள். அந்த வீடு இன்றைக்கு என்ன விலை போகும் என்றும் சொல்லிவிடுங்கள், எல்லாரும் தெரிந்துகொள்ளட்டும். இனிமேல் புதிதாகக் கட்ட முடியாத பொருள் அது. கடைவீட்டுக்கு இந்த விலை வந்ததற்குப் பாதுகாப்பு முத்திரையும் ஒரு காரணம். வணிகப் பயன்பாட்டுக் கடைவீடாக இருந்தால் வெளிநாட்டுக்காரரும் கூடுதல் முத்திரைத் தீர்வை இல்லாமல் வாங்கலாம். விலை ஏறுகிறபோது முத்திரை இனிக்கிறது, தச்சர் ரசீது நீட்டும்போது கசக்கிறதா?

லாவெண்டர்_மருமகன்:
விற்றால்தானே சார் அது காசு? மாமியார் அங்கேதான் இருப்பேன் என்கிறார். குடியிருக்கிறவருக்கு வீட்டின் வாடகை மதிப்பு ஏறினால் சொத்து வரிதான் ஏறும்.

இன்னொன்று. கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸை 2021-ல் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தார்கள். வாங்குகிற நிறுவனத்துக்குக் கூடுதல் தளப்பரப்பு கட்டிக்கொள்ள அனுமதி கொடுத்தார்கள். அது நியாயம்தான், இல்லாவிட்டால் அவ்வளவு பெரிய கட்டடத்தை யார் வாங்குவார்? கோயில், தேவாலயம் மாதிரி தேசிய நினைவுச்சின்னங்களுக்கும் பழுதுபார்ப்பு நிதி இருக்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட எங்களுக்குக் கையில் கிடைப்பது வழிகாட்டிப் புத்தகம் மட்டும்.

மீனா_ஜூசியட்:
இதில் நான் உங்கள் பக்கம். சொந்தமாகக் குடியிருக்கிற பழைய குடும்பங்களுக்குச் சன்னல், ஓடு இவற்றுக்காவது ஒரு மானியம் வேண்டும். ஆனால் மானியம் கொடுக்கவில்லை என்பதற்காகச் சன்னலைப் பிடுங்குவது சரியாகிவிடாது.

சுண்ணாம்புக்கை:
இந்த மாதிரி வீடுகளில் மேற்பார்வை வேலை பார்க்கிறவன் நான். எல்லாரும் பணத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், வீட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

மருமகன் தம்பி, முதலில் உங்கள் வீடு எந்த வகையில் வருகிறது என்று பாருங்கள். ஜாலான் புசார் இரண்டாம் நிலைக் குடியிருப்பு வட்டாரம். லிட்டில் இந்தியா வரலாற்று வட்டாரம். விதி இரண்டுக்கும் ஒன்றில்லை. லிட்டில் இந்தியாவில் முழுக் கட்டடமும் கணக்கு: நடு முற்றம், மரப்படி, பின்கட்டு எல்லாம் இருக்க வேண்டும். உங்கள் வட்டாரத்தில் முன்பக்கப் பிரதான வீட்டைக் காப்பாற்றினால், பின்னால் அந்தத் தெருவுக்கு அனுமதித்த உயரம் வரை புதிதாகக் கட்டலாம். மாமியாருக்குக் கீழேயே படுக்கையறை, வழுக்காத தரை போட்ட குளியலறை, ஏர்கான் கம்ப்ரசர் எல்லாம் அங்கே போய்விடும். உங்கள் கட்டடக் கலைஞர் இதைச் சொன்னாரா? கூடாது என்பதை மட்டும் வரிசையாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் நிறைய. முடியும் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

இப்போது சன்னல். மரச் சன்னல் பெரும்பாலும் கீழ்ச்சட்டத்தில்தான் கெடும், தண்ணீர் தேங்குவது அங்கேதான். மேலே உள்ள சாய்பலகைகள் அநேகமாக நன்றாகவே இருக்கும், பெயிண்ட்தான் அடை அடையாக ஏறியிருக்கும். ஒரு ஆணியை எடுத்துச் சட்டத்தில் குத்திப் பாருங்கள். பொசுக்கென்று இறங்குகிற இடம் உளுத்தது. இறங்காத இடம் வரை அறுத்து எடுத்துவிட்டு, அதே கனத்தில் புது மரத்தைச் சரிவாக வெட்டிப் பொருத்தலாம். முழுச் சன்னலையும் புதிதாகச் செய்யச் சொல்லி விலைப்பட்டியல் கொடுத்தால் சந்தேகப்படுங்கள். நகர மறுசீரமைப்பு ஆணையம் எதிர்பார்ப்பதும் இதையேதான்: இருப்பதை முடிந்தவரை வைத்துக்கொள், பக்குவமாகப் புதுப்பி, கவனமாகப் பழுது பார். கரையானுக்கு மருந்து அடிக்காமல் எந்தச் சன்னல் போட்டாலும் வீண். அலுமினியத்தைக் கரையான் தின்னாது, சரி. பக்கத்திலேயே இருக்கிற உத்தரத்தைத் தின்னுமே?

சுவருக்கு என்ன பூசப் போகிறீர்கள்? அதை நீங்கள் சொல்லவே இல்லை.

லாவெண்டர்_மருமகன்:
பின்கட்டு விஷயம் அவர் சொல்லவில்லை. கேட்கிறேன்.

சுவரில் முன்பு ஒரு ஒப்பந்தக்காரர் சிமெண்டு பூசினார். இடுப்பு உயரத்துக்கு வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. கை வைத்தால் உதிர்கிறது.

சுண்ணாம்புக்கை:
அதுதான் நினைத்தேன். பழைய செங்கல் சுவர் ஈரத்தை வாங்கி வாங்கி வெளியே விடும். சுண்ணாம்புப் பூச்சு அதற்கு வழிவிடும். சிமெண்டு மூடிவிடும். ஈரம் போக இடமில்லாமல் உள்ளேயே நின்று, உப்பைத் தள்ளிக்கொண்டு வரும். அப்புறம் பூச்சு உப்பித் தகடு தகடாக விழும். சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு, சுவர் காய நாள் கொடுத்து, சுண்ணாம்பு பூசுங்கள். அவசரப்பட்டால் திரும்பவும் அதே கதை. இரண்டு வீட்டுக்கும் பொதுச் சுவர் என்பதால் அடுத்த வீட்டுக்காரரிடமும் பேசிவிடுங்கள். அவர் பக்கம் சிமெண்டு இருந்தால் உங்கள் பக்கம் மட்டும் செய்து பாதிப் பலன்தான்.

இதில் நமக்கு ஒரு பங்கு இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 1862-ல் அர்ப்பணம் செய்யப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் உட்சுவரில் பூசியது மெட்ராஸ் சுண்ணாம்பு. சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் எல்லாம் சேர்த்துத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். நம் ஆட்களின் கைவேலை அது. இன்றைக்கு நம் வீட்டுக்குச் சுண்ணாம்பு பூச ஆள் தேடி அலைகிறோம்.

தேக்கா_அண்ணாச்சி:
சுவர் மகாத்மியம் நன்றாகத்தான் இருக்கிறது. சுவருக்குள் இருந்த மனிதர்களை யார் பாதுகாத்தார்கள்?

கடைவீட்டுக் கீழ்த்தளத்தில் பாத்திரக்கடை வைத்திருந்தவன் நான். கட்டடத்தை அருமையாகப் புதுப்பித்தார்கள். பலகை, ஓடு, தூண் எல்லாம் அச்சு அசலாக அப்படியே. அடுத்த ஒப்பந்தத்தில் வாடகையும் புதுசு. நான் வெளியே, காப்பி நிலையம் உள்ளே. சன்னலுக்கு வழிகாட்டி இருக்கிறது, அதன் கீழே உட்கார்ந்து மாலை கட்டுகிறவருக்கு இருக்கிறதா? கெர்பாவ் ரோட்டில் டான் டெங் நியா வீட்டைப் பாருங்கள். 1900-ல் கட்டிய சீனர் வீடு. வானவில் நிறமெல்லாம் பிற்பாடு வந்தது. தினமும் அதன் முன்னால் கூட்டம் நின்று படம் எடுக்கிறது. மரபுடைமை என்று அவர்கள் கொண்டுபோவது போன பெயிண்டரின் கைவண்ணத்தை!

மீனா_ஜூசியட்:
அண்ணாச்சி, உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் வாடகைக்கு வழி தேட வேண்டியது வேறு இடத்தில். கட்டடத்தையும் இடித்திருந்தால் உங்களுக்குக் கடை கிடைத்திருக்குமா? பேரங்காடி வாடகை இதைவிடக் குறைவா?

தேக்கா_அண்ணாச்சி:
கிடைத்திருக்காது. அதற்காகக் கூரை ஓடுகளைப் பார்த்துக் கும்பிடச் சொல்கிறாயா அம்மா? 1888-ல் அஞ்சடியில் சாமான் வைக்கக் கூடாது என்று நகராட்சி கிளம்பியபோது இந்த ஊரில் கலவரமே நடந்தது. அந்தக் காலத்து வியாபாரிக்கு அஞ்சடி பிழைப்பு. இப்போது அதே அஞ்சடியைத் துடைத்துக் காலியாக வைத்துவிட்டு வரலாறு என்று பலகை மாட்டுகிறோம்.

கணக்கன்_65:
அஞ்சடி மக்கள் நடக்கிற வழி. தனியார் நிலமாக இருந்தாலும் மறிக்க உரிமை இல்லை. சக்கர நாற்காலியில் போகிறவர் உங்கள் அண்டாவைச் சுற்றிச் சாலையில் இறங்க வேண்டுமா?

தேக்கா_அண்ணாச்சி:
என் அண்டா என்றைக்கும் உள்ளேதான் இருந்தது சார். வாளிதான் வெளியே.

லாவெண்டர்_மருமகன்:
கொஞ்சம் என் வீட்டுக்குத் திரும்பி வாருங்கள்.

மீனா தங்கச்சிக்கு ஒரு கேள்வி. சிலிகி சாலை முனையில் எலிசன் கட்டடம், 1924 என்று நெற்றியிலேயே எழுதியிருக்கும். 2008-ல் பாதுகாக்கப்பட்டது. வடக்கு-தெற்கு வழித்தடச் சுரங்கத்துக்காக அதில் ஒரு பகுதியை இடித்துவிட்டுத் திரும்பக் கட்டப் போவதாக 2016-ல் அறிவித்தார்கள். சாலைக்கு வேண்டும் என்றால் கட்டடத்தையே இடித்துக் கட்டலாம், எழுபது தாண்டியவர் நனையாமல் தூங்க ஒரு சன்னல் மாற்றக் கூடாதா?

மீனா_ஜூசியட்:
அந்த அறிவிப்பை எதிர்த்தவர்கள் யார்? மரபுடைமை ஆர்வலர்கள்தான். அதே ஆட்கள்தான் உங்கள் சன்னலையும் விட்டுவிடாதீர்கள் என்கிறார்கள். அங்கே ஒரு நியாயம், இங்கே ஒரு நியாயம் என்று நாங்கள் பேசவில்லையே. மாமியார் நனைய வேண்டும் என்று யார் சொன்னது? சுண்ணாம்புக்கை அண்ணன் சொன்ன மாதிரி கீழ்ச்சட்டத்தை மாற்றினால் தண்ணீர் நிற்கும்.

சுண்ணாம்புக்கை:
நிற்கும். ஆனால் சன்னலுக்கு மேலே கூரை ஓரத்தையும் பாருங்கள். ஓடு நகர்ந்தோ மழைநீர் வடிகால் அடைத்தோ இருந்தால் சுவர் வழியாக இறங்கிச் சன்னல் தலையில் விழும். பழி சன்னலுக்குப் போகும்.

ஒரு வேண்டுகோள் தம்பி. ஆணையத்துக்குத் தெரியாமல் செய்துவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் இறங்காதீர்கள். 2024-ல் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் சம்சுய் பெண் (அந்தக் காலத்தில் கட்டுமான வேலை செய்த சீனப் பெண்) ஒருவரைக் கையில் சிகரெட்டோடு வரைந்த சுவரோவியம் எவ்வளவு பெரிய பேச்சானது! எல்லாரும் சிகரெட்டைப் பற்றியே பேசினார்கள். முதலில் முன்அனுமதி வாங்காமல் வரைந்ததுதான் சிக்கல். சன்னலும் அப்படித்தான். வேலை தொடங்கும் முன் வரைபடத்தோடு போய்க் கேட்டால் பேச இடம் இருக்கும். கழற்றிப் போட்ட பிறகு பேச எதுவும் இருக்காது.

லாவெண்டர்_மருமகன்:
சரி. நேற்றே ஆணி வைத்துக் குத்திப் பார்த்தேன். முன்பக்கச் சன்னல்களில் கீழ்ச்சட்டம் எல்லாமே இறங்குகிறது, பக்கச் சட்டங்கள் ஒன்றிரண்டைத் தவிர இறங்கவில்லை. பின்கட்டுக்குத் தனியாக வரைபடம் போடச் சொல்லியிருக்கிறேன். செலவை ஊரும் பங்குபோட வேண்டும் என்பதில் நான் ஒரு அங்குலம்கூட நகரவில்லை, அதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மரம் ஒட்டத் தெரிந்த தச்சர் யாராவது இருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள். மாமியார் கேட்கச் சொன்னது: அவருக்குத் தமிழ் தெரியுமா?

தேக்கா_அண்ணாச்சி:
ஒருவர் இருந்தார், என் பழைய கடைக்குப் பின்சந்தில். வாடகை ஏறி ஜோகூருக்குப் போய்விட்டார். எண் கிடைத்தால் அனுப்புகிறேன்.