எட்டாம் மாதம், ராத்திரி 2 மணி, தூக்கமே இல்லை

கேள்வி (செல்லூர்):
33-வது வாரம். பத்து மணிக்குப் படுத்தால் 2 மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. கெண்டைக்காலுக்குள் எறும்பு ஊர்வது மாதிரி இருக்கும், எழுந்து மொட்டைமாடியில் நடந்தால்தான் அடங்கும். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் நின்ற பிறகும் இதே கதை. மதுரை தூங்கா நகரம்தான், அதற்காக நானுமா? "பிள்ளை வந்தா எப்படியும் முழிக்கணும், இப்பவே பழகிக்கோ" என்கிறார் அத்தை. இதனால் பிள்ளைக்கு ஏதும் ஆகுமா?

பதில் (திருமங்கலம்):
தங்கச்சி, அந்த எறும்பு ஊர்வதை டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். எனக்கு இரும்புச்சத்துக் குறைவு, ஹீமோகுளோபின் 8.6. மாத்திரையைக் காபியோடு விழுங்கிக்கொண்டிருந்தேன்! காபி இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாது. எலுமிச்சைச் சாறோடு சாப்பிட ஆரம்பித்தேன், ஒரு மாதத்தில் கால் அடங்கியது. ஒருக்களித்துப் படுங்கள், முழங்கால் நடுவே பழைய சேலையை மடித்து வையுங்கள். தூக்க மாத்திரை நீங்களாக வாங்க வேண்டாம். உள்ளங்கை, உள்ளங்கால் அரித்தால் அன்றைக்கே காட்டுங்கள், அது கல்லீரல் கோளாறாக இருக்கலாம்.

பதில் (உசிலம்பட்டி):
எனக்குப் பிரசவத்துக்கு அப்புறம்தான் சிக்கல். பிள்ளை தூங்குவான், அம்மா தூங்குவார், நான் மட்டும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். காரணமில்லாத அழுகை வேறு. எல்லோரும் உடம்புச் சூடு என்றார்கள். கடைசியில் பார்த்தால் மனச்சோர்வு. பிள்ளை தூங்கும்போதும் தூக்கம் வராமல் இரண்டு வாரம் போனால் 14416-க்குப் பேசுங்கள். டெலி மனாஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

கேட்டவர்:
நாளைக்குச் செக்கப், கேட்டுவிடுகிறேன் அக்கா. மாத்திரை நேரத்துக் காபியை நிறுத்தியாச்சு, அத்தைதான் முறைக்கிறார்.