விண்வெளி ஆட்டங்கள்ல க்ளோக் (கப்பலைக் கண்ணுக்குத் தெரியாம மறைக்கிற கருவி) விலை நியாயமா? உறுத்துற ஒரே ஒரு மோதலைச் சொல்லுங்க

வால்நட்சத்திரம்
ஈவ் ஆன்லைன். லோசெக் (காவல் குறைவான பகுதி) கேட், அதாவது சிஸ்டம் விட்டு சிஸ்டம் தாவுற வாசல். அங்க பதுங்கிக் காத்திருக்குற எங்க கேம்ப்ல பத்துக் கப்பல், ரெண்டு இன்டர்செப்டர் (வேகமா ஓடிப் பிடிக்கிற சின்னக் கப்பல்). உள்ளே வந்தது ஒரே ஒரு சரக்குக் கப்பல். வாசல்ல தானாக் கிடைக்குற கேட் க்ளோக் 60 விநாடி ஓடும், அவன் நகராம இருந்தா அது வரைக்கும் யாரும் அவனைத் தொட முடியாது. அவன் அலைன் கொடுத்தான் (போற திசைக்குத் திரும்பினான்), அடுத்த நொடியே தன்னோட க்ளோக், அதே டிக்குள்ள (சர்வர் கணக்குப் போடுற ஒரு விநாடிக்குள்ள) மைக்ரோவார்ப்டிரைவ், அதான் வேகத்தைப் பெருக்குற எஞ்சின். திரையில ஒரு கண் சிமிட்டல்தான் தெரிஞ்சது. இன்டர்செப்டர் அவன் மறைஞ்ச புள்ளியை நோக்கிப் பாஞ்சு 300 மீட்டர் தள்ளிக் கடந்துபோச்சு, ஆனா அதுக்குள்ள அவன் அங்க இல்ல. பத்து விநாடி கழிச்சு, டிரைவ் சுற்று முடியப்போற நேரத்துல க்ளோக்கை எடுத்தான், உடனே வார்ப் போட்டுத் தப்பிச்சுட்டான்.

இம்ப்ரூவ்ட் க்ளோக் வேகத்தை 75 சதவீதம் குறைக்கும். மிச்சம் இருக்குற கால் பங்கை மைக்ரோவார்ப்டிரைவ் பெருக்கித் தள்ளிடுது, அதனால வார்ப்புக்குத் தேவையான 75 சதவீத வேகத்தை க்ளோக் எடுத்த உடனே தாண்டிடுறான். கவர்ட் ஆப்ஸ் (மறைஞ்சபடியே வார்ப் பண்ண விடுற தனி க்ளோக்) வேணாம், தனிக் கப்பல் வேணாம். சந்தையில மலிவாக் கிடைக்குற ஒரு பொருள் பத்துப் பேரோட அரைமணிக் காத்திருப்பைக் காலி பண்ணிடுச்சு. இது நியாயமான விலையா?

ரேடார்காரன்
நியாயம்தான். உங்க கேம்ப் சரியில்ல, அவ்ளோதான்.

க்ளோக் போட்டவன் 2000 மீட்டருக்குள்ள ஏதாவது ஒரு பொருள் வந்தா க்ளோக் உடையும். இன்டர்செப்டர் "மறைஞ்ச புள்ளி"க்குப் போகக் கூடாது. அவன் அலைன் ஆன திசையில, அந்தப் புள்ளிக்குக் கொஞ்சம் முன்னாடி போகணும். 300 மீட்டர் கடந்ததுன்னு சொல்றீங்களே, அது அவன் இருந்த இடம்தான், இருக்குற இடம் இல்ல. ட்ரோனை முன்கூட்டியே பரப்பி வச்சிருந்தா அதுல ஒண்ணு இடிச்சிருக்கும். லாக் ஆன (எதிராளி குறி வச்சுப் பூட்டின) கப்பல் க்ளோக் போட முடியாதுங்குறதையும் மறக்காதீங்க. அவன் அலைன் கொடுத்து க்ளோக் போடுறதுக்கு நடுவுல ஒரு டிக் வெளியில தெரிஞ்சா, வேகமா லாக் பண்ற கப்பல் பிடிச்சிடும்.

எனக்கு உறுத்துறது வேற. நல்செக்ல (காவலே இல்லாத பகுதி) ஒரு ஃப்ளீட், வட்டமா நின்னு ரிப்பேர் கொடுத்துக்கிட்டிருக்கு. டைரக்‌ஷனல் ஸ்கேன்ல எதுவும் இல்ல, க்ளோக்ல இருக்குற கப்பல் அதுல வராது. அப்புறம் ஒரே கோட்டுல ஏழு ஸ்டெல்த் பாமர் (மறைஞ்சு வந்து குண்டு போடுற சின்னக் கப்பல்) தெரியுது, ஏழு பாம் கிளம்புது. பாம் நேரா 30 கிலோமீட்டர் ஓடி வெடிக்கும், வெடிப்பு ஆரம் 15 கிலோமீட்டர். ஃப்ளீட் கமாண்டர் "வார்ப்" சொல்லி முடிக்கிறதுக்குள்ள சிலரு போயாச்சு, மிச்சப் பேர் காணோம்.

ஆனா அதுலயும் நான் குறை சொல்ல மாட்டேன். பாமர் உடல் தாளு மாதிரி, ஒரு அடி பட்டாலே போயிடும். பாம் ஹைசெக்லயோ (முழுக் காவல் பகுதி) லோசெக்லயோ போட முடியாது. வெவ்வேற வகை பாமைக் கலந்து விட்டா ஒண்ணை ஒண்ணு அழிச்சுக்கும், அதனால எல்லாரும் ஒரே டேமேஜ் வகையைப் பிடிச்சாகணும். இதெல்லாம்தான் விலை. ஐஎஸ்கே (ஆட்டப் பணம்) எவ்வளவுங்குறது அப்புறம்.

கருந்துளை47
விலையே இல்லாத க்ளோக் ஒண்ணு இருந்துச்சே, அதை ரெண்டு பேருமே விட்டுட்டீங்க. லோக்கல் பட்டியல்ல (சிஸ்டம்ல யார் யார் இருக்காங்கன்னு காட்டுறது) ஒரு சிவப்புப் பெயர், அதாவது எதிரி. காலையில வந்தது, ராத்திரியும் அங்கேயே. ஆள் கீபோர்டு முன்னாடி இருக்கானா, தூங்குறானான்னு யாருக்கும் தெரியாது. சிஸ்டம்ல மைனிங் நின்னுபோச்சு, ராட்டிங் (கம்ப்யூட்டர் ஓட்டுற எதிரிகளை வேட்டையாடுறது) நின்னுபோச்சு. அவனுக்குச் செலவு? ஒரு கப்பல், ஒரு க்ளோக், பூஜ்ஜியம் கவனம்.

2019 ஜூலைல நல்செக் லோக்கலையே மறைச்சுப் பாத்தாங்க, அதான் பிளாக்அவுட். அதைச் செப்டம்பர்ல கைவிட்டுட்டாங்க. சரியான மருந்து வந்தது 2021ல: மொபைல் அப்சர்வேட்டரி, க்ளோக்ல இருக்குறவனை வெளிய கொண்டுவர்ற கருவி. க்ளோக் போட்டு 15 நிமிஷத்துக்கு மேல ஆளே கவனிக்காம விட்டா க்ளோக் நிலை தடுமாறும், அந்த நேரத்துல அப்சர்வேட்டரி துடிச்சா வெளிய வர வாய்ப்பு. ஆள் உட்கார்ந்து புதுப்பிச்சா ஒண்ணும் ஆகாது. கவனிங்க, இங்க விலைன்னு வாங்குறது பணத்தை இல்ல, ஆளோட கவனத்தை.

பழைய_பைலட்
நீங்க எல்லாம் ஈவ்லயே நிக்கிறீங்க. சப்ஸ்பேஸ்னு ஒரு பழைய ஆன்லைன் கப்பல் ஆட்டம், 1997. ஸ்டெல்த்னா ரேடார்ல தெரியாது, க்ளோக்னா கண்ணுக்குத் தெரியாது, ரெண்டும் தனித்தனி. ரெண்டையும் சேத்துப் போட்டா எனர்ஜி கரையும். அந்த ஆட்டத்துல எனர்ஜிதான் உயிர், அதே எனர்ஜிதான் குண்டும். ஒளிஞ்சு வந்தவன் வெளிய வரும்போது கால் டேங்க்தான் மிச்சம். எதிராளி எக்ஸ்-ரேடார் போட்டா ரெண்டு மறைப்பும் வீண், ஆனா அவனுக்கும் எனர்ஜி கரையும். ஒரு தடவை மூலையில ரெண்டு பேர் இப்படியே ஒருத்தரை ஒருத்தர் தேடி, கடைசில யாருக்குமே சுடத் தெம்பு இல்லாம நின்னாங்க. இதைவிட நேர்மையான விலைப்பட்டியல் நான் இதுவரை பாக்கல.

நெட்ரெக்லயும் (1988) இதே கதைதான்: க்ளோக் எரிபொருளைக் குடிக்கும், க்ளோக்ல இருக்கும்போது சுட முடியாது.

சர்வர்_சித்தர்
ஒரு சின்ன சர்வர். க்ளோக் ரொம்ப வலுவா இருக்குன்னு கடை விலையைப் பத்து மடங்கு ஏத்துனாங்க. மறுவாரம் பத்து வருஷ ஆட்டக்காரன் ஒருத்தன் புதுசா வந்த மூணு பேரை ஸ்டேஷன் வாசல்லயே முடிச்சான். மூணு பேருமே அவனைக் கடைசி வரைக்கும் பாக்கல. பத்து மடங்கு விலையை ஏற்கெனவே சேர்த்து வச்சவனால மட்டும்தான் கட்ட முடிஞ்சது.

ஆட்டம் எழுதுறவங்க யாராவது படிச்சா உதவும்னு சொல்றேன். கேட்டாலும் கேக்காட்டியும்.

முதல்ல கரைப்பும் நிரப்பும். கப்பல்ல எனர்ஜி 1000, நிரப்பு விநாடிக்கு 40, க்ளோக் கரைப்பு விநாடிக்கு 60னு வைங்க. நிகரம் 20 குறையுது, 50 விநாடில டேங்க் காலி. நல்லாத்தான் இருக்கும். இப்ப அவன் நிரப்பை 60 ஆக்கும் ஒரு மேம்பாட்டைப் போடுறான். நிகரம் பூஜ்ஜியம், க்ளோக் முடிவே இல்லாம ஓடும். ஆட்டம் உடையுறது இந்த ஒரு எண்ணாலதான். கரைப்பை நிலையான எண்ணா வைக்காதீங்க. க்ளோக்ல இருக்கும்போது நிரப்பை முழுசா நிறுத்துங்க, கூடவே கரைப்பை அந்தக் கப்பலோட அதிகபட்ச எனர்ஜியோட சதவீதமா எழுதுங்க. விநாடிக்கு 2 சதவீதம்னா எந்தக் கப்பலுக்கும் 50 விநாடிதான், எவ்வளவு மேம்படுத்தினாலும்.

ரெண்டாவது, வெளிய வந்ததும் லாக் தாமதம். 5 விநாடி தாமதம்னா எதிராளி விநாடிக்கு 200 டேமேஜ் கொடுத்தாலும், நீங்க சுட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே 1000 டேமேஜ் வாங்கிடுறீங்க. தாமதம் பூஜ்ஜியம்னா முதல் அடி முழுசா ஒளிஞ்சவனுக்கு. அதனால தாமதம் பூஜ்ஜியமா இருந்தா உடலை மெல்லிசா வைங்க, உடல் கனமா இருந்தா தாமதத்தை வைங்க. பூஜ்ஜியத் தாமதமும் கனமான உடலும் ஒருத்தன்கிட்டயே இருக்கக் கூடாது.

மூணாவது, தூரச் சோதனை. டிக் 1 விநாடி, உடைக்கிற ஆரம் 2000 மீட்டர்னா கோளத்தோட விட்டம் 4000. விநாடிக்கு 5000 மீட்டர் போற கப்பல் ஒரு டிக்குக்கும் அடுத்த டிக்குக்கும் நடுவுல அதைத் தாண்டிக் குதிச்சுடும், சோதனை எதுவும் பிடிக்காது. நின்ன இடத்தை மட்டும் பாக்காம, முந்தின இடத்திலிருந்து இப்ப இருக்குற இடம் வரைக்கும் கோடு போட்டு அதுக்கும் கோளத்துக்கும் உள்ள தூரத்தைப் பாருங்க.

நாலாவது, இதுதான் முக்கியம்: மறைஞ்ச கப்பலோட நிலையை எதிராளி கிளையன்ட்டுக்கு (அவன் கணினில ஓடுற ஆட்ட மென்பொருளுக்கு) அனுப்பவே கூடாது. "அனுப்பிட்டு வரையாம விட்டா போதும்"னு நினைச்சீங்கன்னா, கிளையன்ட்டை மாத்தி எழுதினவன் முதல் நாளே பாத்துடுவான். அப்புறம் க்ளோக்குக்கு எவ்வளவு விலை வச்சாலும் அது ஏமாத்துறவனுக்கு மட்டும் இலவசம். இஞ்சின் சத்தம், புகைத்தடம், மோதல் பொறி இதுவும் அதே கணக்குத்தான். நிலையை மறைச்சுட்டு சத்தத்தை அந்தப் புள்ளியிலிருந்து அனுப்புனா எல்லாம் வீண்.

குளிர்கப்பல்
சித்தரே, அஞ்சாவது ஒண்ணு விட்டுட்டீங்க: பிடிபடுற மாதிரி ஒரு தடயம் இருக்கணும். எலைட் டேஞ்சரஸ் ஆட்டத்துல சைலன்ட் ரன்னிங் போட்டா சூடு வெளியேறுற துளை மூடும், ஷீல்டு அணையும், சூடு உள்ளேயே ஏறும். சூடு குறைவா இருக்குற வரைக்கும் எதிராளி சென்சார் பிடிக்காது, கிம்பல் துப்பாக்கி (இலக்கைத் தானாத் தொடருறது) குறியை இழந்து அலையும். ஃபிக்ஸ்ட் (நேரா மட்டும் சுடுற) துப்பாக்கிக்காரன் கண்ணால பாத்துச் சுடலாம். கணக்கு சரியா இருக்கு.

உறுத்துற நொடி இது: இருட்டுல சின்னக் கப்பல் ஒண்ணு தப்பி ஓடுது. ரேடார்ல மங்கி மறையுது. சரி, போச்சுன்னு நினைக்கிற நேரத்துல ஆரஞ்சு நிறத்துல ஒரு பொட்டு வெளிய தெறிக்குது. ஹீட் சிங்க், சூட்டை உறிஞ்சிட்டு வெளிய எறியுற துண்டு. அவன் எந்தப் பக்கம் இருக்கான்னு அவனே சொல்லிட்டான். அடுத்து சிங்க் எப்ப வரும்னு எண்ணிக்கிட்டே பின்னாடி போனாப் போதும், அது தீர்ந்ததும் சூடு அவனை வெளிய கொண்டுவந்துடும். காசு கொடுத்து வாங்குற பொருள்தான், ஆனா தீர்ந்துபோகுற பொருள்.

வால்நட்சத்திரம்
ரேடார்காரன், நீங்க சொன்னபடி ட்ரோன் பரப்பலாம்னா, கேட்டிலிருந்து குதிச்சு வர்றவன் அதைச் சுத்தி சுமார் 12 கிலோமீட்டர் தூரத்துல எந்தப் பக்கத்துல முளைப்பான்னு யாருக்குத் தெரியும்? அஞ்சு ட்ரோனை வச்சு அந்தப் பரப்பை மூட முடியாது. அலைன் திசையைப் பாக்கணும்னா அவன் திரும்புற அந்த ஒரு டிக்கைப் பிடிக்கணும், சர்வர் தாமதமா இருந்தா அதுவும் கிடைக்காது. என் கேள்வி இன்னும் அப்படியேதான் இருக்கு. அந்தப் பத்து விநாடிக்கு அவன் என்ன விலை கொடுத்தான்?

ரேடார்காரன்
க்ளோக்குக்கு ஒரு ஹை ஸ்லாட், டிரைவுக்கு ஒரு மிட் ஸ்லாட் (கப்பல்ல கருவி மாட்டுற இடம்). பட்டனை ஒரு டிக் தாமதமா அழுத்தினா மொத்தச் சரக்கு. அதுக்கு மேல என்ன கேக்குறீங்க?