இழை: ‘செக்சுவல் ஓரியன்டேஷன்’ – கேள்வித்தாளுக்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

எழுதியவர்: ஆய்வு மாணவி, கோலாலம்பூர்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஆணை விரும்பும் ஆண்களையும் பெண்ணை விரும்பும் பெண்களையும் பற்றிக் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்கள் என்ன நினைக்கிறார்கள், பெற்றோர் தலைமுறைக்கும் பிள்ளைகளுக்கும் அதில் எவ்வளவு வேறுபாடு என்று ஒரு கருத்தாய்வு செய்யப் போகிறேன். ஆங்கிலக் கேள்வித்தாளும் மலாய்க் கேள்வித்தாளும் தயார். மலாயில் ‘ஒரியன்டாசி செக்சுவல்’ என்று அப்படியே எடுத்துக்கொண்டார்கள். தமிழ்தான் பாக்கி.

‘ஓரினச்சேர்க்கை’ என்று எழுதி, செந்தூலில் சில அம்மாக்களிடம் படிக்கக் கொடுத்துப் பார்த்தேன். முதல் கேள்வியிலேயே தாளை மடித்துத் திருப்பித் தந்து, “இதையெல்லாம் எங்ககிட்ட கேக்காதம்மா” என்றார்கள். அதே கேள்வியை வாய்மொழியாக, “ஒரு பையனுக்குப் பெண்கள்மேல் ஆசை வரவில்லை, ஆண்கள்மேல்தான் வருகிறது, அவன் உங்கள் வீட்டுப் பிள்ளை என்றால்?” என்று கேட்டதும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். நிறுத்த முடியவில்லை.

எனக்கு வேண்டியவை: செக்சுவல் ஓரியன்டேஷன், ஹோமோசெக்சுவாலிட்டி, அப்புறம் அக்செப்டன்ஸ். உதவுங்கள்.

எழுதியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பட்டர்வொர்த்

அன்பு மகளுக்கு,

‘நாட்டம்’ பழைய சொல், நல்ல சொல். செக்சுவல் ஓரியன்டேஷனுக்குப் ‘பாலியல் நாட்டம்’ என்று வைத்துக்கொள்ளலாம்.

ஹோமோசெக்சுவாலிட்டியைத் ‘தன்பாலீர்ப்பு’ என்று தமிழ்நாட்டில் எழுதுகிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. ‘மக்களைத் தன்பால் ஈர்த்த தலைவர்’ என்று படிவம் மூன்று மாணவன் கட்டுரையில் எழுதுகிறான். அங்கே ‘தன்பால்’ என்றால் தன்னிடம், தன் பக்கம். ‘தன்பாலீர்ப்பு’ என்று கேட்டால் அவனுக்கு ஏதோ வசீகரம் என்றுதான் தோன்றும். ‘ஒருபால்’ இன்னும் மோசம். ‘ஒருபால் கோடாமை’ என்று குறள் சொல்வது ஒரு பக்கம் சாயாமல் இருப்பதை. ‘சமபால்’ என்பதில் வடசொல் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இதையெல்லாம் நான் ஏற்கிறேனா என்பது வேறு பேச்சு. கேட்பதானால் நல்ல தமிழில் கேட்க வேண்டும்.

எழுதியவர்: முன்னாள் நாளிதழ்த் துணையாசிரியர், கோலாலம்பூர்

ஐயாவின் ‘தன்பால்’ தடைக்குப் பிறகு வருகிறேன். செந்தூல் அம்மாக்கள் ஏன் தாளை மடித்தார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும். அவர்கள் பிற்போக்கானவர்கள் என்று நான் நினைக்கவில்லை. அந்தச் சொல் அவர்களிடம் வந்து சேர்ந்த வழி அப்படி.

1998 செப்டம்பரில் அன்வார் இப்ராஹிம் துணைப்பிரதமர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அதுவரை நம் தமிழ் நாளிதழ்களுக்கு இந்தப் பொருளைப் பற்றி எழுத வேண்டிய தேவையே அநேகமாக வந்ததில்லை. அதற்குப் பிறகு முதல் பக்கத்திலேயே அவர்மீது ‘ஓரினப் புணர்ச்சி வழக்கு’, ‘குதப்புணர்ச்சி வழக்கு’. நீதிமன்றத்துக்குள் சான்றுப்பொருளாக மெத்தையைத் தூக்கி வந்ததைப் பெரியவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2000-இல் ஒன்பது ஆண்டுச் சிறை. 2004-இல் கூட்டரசு நீதிமன்றம் அதைத் தள்ளியது. 2008-இல் இரண்டாவது குற்றச்சாட்டு, 2012-இல் விடுதலை, 2014-இல் மேல்முறையீட்டில் அது கவிழ்ந்தது, 2015 பிப்ரவரியில் ஐந்தாண்டுச் சிறை உறுதியானது. 2018 மே மாதம் மாமன்னரின் மன்னிப்பு. 2022 நவம்பரில் அவரே பிரதமர். இது அரசியல் சதி என்றுதான் அவர் தொடக்கத்திலிருந்தே சொல்லி வந்தார்.

நான் சொல்ல வருவது அந்த வழக்கைப் பற்றி அல்ல. ஏறக்குறைய இருபது ஆண்டுகள், மலேசியத் தமிழ் வீடுகளில் இந்தப் பொருள் காலை நாளிதழோடு மட்டும்தான் உள்ளே வந்தது. வரும்போது போலீஸ், மருத்துவ அறிக்கை, படுக்கை விரிப்பு, கட்சிச் சண்டை எல்லாவற்றையும் சேர்த்தே கொண்டுவந்தது. பிள்ளைகள் இருந்தால் தாளை மடித்து வைத்தோம். அந்தப் பழக்கம்தான் செந்தூலில் நடந்திருக்கிறது. பெட்டாலிங் ஜெயாவில் நண்பனோடு பத்து வருஷமாக ஒரே வீட்டில் இருக்கும் அக்கா மகனை அந்தச் சொல்லோடு யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. அவன் தீபாவளிக்கு வருகிறான், நண்பனும் வருகிறான், இருவருக்கும் இலை போடுகிறோம். யாரும் எதுவும் கேட்பதில்லை.

‘புணர்ச்சி’, ‘சேர்க்கை’ இரண்டும் செயலைச் சொல்பவை. சட்டம் பேசுவதும் செயலைப் பற்றித்தான். நம் நாட்டுத் தண்டனைச் சட்டம் 377ஏ பிரிவை ஒருமுறை படித்துப் பாருங்கள். அது ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை. எந்த உறுப்பு எங்கே என்றுதான் கேட்கிறது. எழுத்துப்படி பார்த்தால் திருமணமான ஆணும் பெண்ணும்கூட அதற்குள் வருவார்கள். 377பி-யின்படி தண்டனை 20 ஆண்டு வரை சிறை, கூடவே ரோத்தான் (பிரம்பு) அடி. இடையில் ஒன்று: சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2022 நவம்பரில் நீக்கியதும் 377ஏ-தான். ஆனால் அது 1938-இல் வந்த, ஆண்களுக்கு இடையிலான ‘ஒழுங்கீனம்’ பற்றிய வேறு பிரிவு. எண் ஒன்றாக இருப்பதால் நம்மூர் வாட்ஸ்அப்பில் இரண்டையும் போட்டுக் குழப்பிவிட்டார்கள். மனம் யாரை நோக்கிப் போகிறது என்பதைத் தண்டிக்கும் பிரிவு தண்டனைச் சட்டத்தில் இல்லை. முஸ்லிம்களுக்கு மாநில ஷரியா சட்டங்களும் சேரும் என்பதால், பினாங்குத் தமிழ் முஸ்லிம் ஒருவருக்கும் பத்துமலையில் இருக்கும் இந்து ஒருவருக்கும் நிலைமை ஒன்றல்ல. கேள்வித்தாளில் சட்டம் பற்றிய பகுதி தனியாக இருக்கட்டும். செயலைச் சொல்லும் சொற்கள் அங்கே மட்டும் வரட்டும்.

சொல் மாறினால் பதில் மாறும் என்பதற்குச் சான்றும் உண்டு. 2010 பிப்ரவரியில் அமெரிக்காவில் சிபிஎஸ்சும் நியூயார்க் டைம்சும் நடத்திய கருத்துக்கணிப்பில், ‘ஹோமோசெக்சுவல்கள்’ இராணுவத்தில் பணியாற்றலாமா என்று பாதிப் பேரிடமும், ‘கே ஆண்களும் லெஸ்பியன் பெண்களும்’ பணியாற்றலாமா என்று மறுபாதியிடமும் கேட்டார்கள். முதல் கேள்விக்கு 59 விழுக்காடு ஆதரவு, இரண்டாவதற்கு 70. கேட்டது அதே மக்களைப் பற்றித்தான், சொல் மட்டும் வேறு. அதற்காக எல்லாமே சொல்லின் வேலை என்று சொல்லவில்லை. அதே நாட்டில் காலப் நிறுவனக் கணிப்பின்படி ஒருபால் திருமணத்துக்கு 1996-இல் 27 விழுக்காடு ஆதரவு, 2021-இல் 70. எந்த அகராதியாலும் அவ்வளவு தூரம் இழுக்க முடியாது. மனமே மாறியிருக்கிறது. நம் ஆய்வில் எது மனமாற்றம், எது சொல்லின் விளைவு என்று பிரித்துப் பார்க்க முடிய வேண்டும், அவ்வளவுதான்.

இனி ‘நாட்டம்’. ஐயா, இசையில் நாட்டம், விளையாட்டில் நாட்டம் என்கிறோம். வளர்த்தால் வளரும், விட்டால் போகும் என்ற தொனி அதில் இருக்கிறது. ‘விருப்பம்’, ‘தெரிவு’ இரண்டும் இன்னும் ஒரு படி மேலே போய், அவனே உட்கார்ந்து தேர்ந்தெடுத்தான் என்கின்றன. நம் நாட்டில் சண்டையே இதில்தான். இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிம் 2011 முதல் ‘முக்கய்யாம்’ என்ற பெயரில் முகாம் நடத்தி, இவர்களை ‘மீட்கலாம்’ என்கிறது. மறுபக்கம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூனில், ஒருவரின் பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சைகளுக்குத் தடை சொன்னார். தீர்ப்பு எழுதுமுன் தமக்கே இது புரிய வேண்டும் என்று உளவியலாளரிடம் போய் உட்கார்ந்தார் அவர். (நம்மூரில் யாராவது செய்வார்களா என்று கேட்காதீர்கள்.) உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே நோய்ப்பட்டியலிலிருந்து இதை எடுத்துவிட்டது. கேள்வித்தாள் இந்தச் சண்டையில் ஒரு பக்கம் சேரக்கூடாது. ‘தெரிவு’ என்று எழுதினால் சேர்ந்துவிடுகிறது.

‘ஈர்ப்பு’ என்றால் நேர்வது. புவியீர்ப்பை யாரும் முடிவெடுத்துச் செய்வதில்லை. ஆகவே பொதுச்சொல்லாக பாலீர்ப்பு. அதன் கீழே தன்பாலீர்ப்பு, எதிர்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு என்று குடும்பமாக வரும். அது ஒரு பெரிய வசதி. ‘ஓரினச்சேர்க்கை’யிலிருந்து பொதுச்சொல் ஒன்றைக் கட்ட முடியுமா? முயன்று பாருங்கள்.

‘தன்பால்’ பற்றி ஐயா சொன்னது சரியான தடைதான். ஆனாலும் நான் அதையே வைத்துக்கொள்வேன். காரணம் இலக்கணம் அல்ல. சென்னையில் இருக்கும் அந்த மக்களே தங்களை அப்படி அழைத்துக்கொள்கிறார்கள். அதே உயர் நீதிமன்ற வழக்கின் தொடர்ச்சியாகத் தமிழ்நாடு அரசு 2022-இல் அரசிதழில் ஒரு சொற்பட்டியலே வெளியிட்டது. திருநர், ஊடுபால் (இன்டர்செக்ஸ்), பால்புதுமையர் (குயர்) எல்லாம் அதில் உண்டு. ‘அரவாணி’ போய்த் ‘திருநங்கை’ வந்தபோது இலக்கணம் பார்த்தா ஏற்றுக்கொண்டோம்? இங்கே நம் நாட்டில் ‘பொண்டான்’ என்ற வசைக்கு எதிராக ‘மாக் ஞா’ என்ற பெயரைத் திருநங்கையரே வைத்துக்கொண்டார்கள், அது நின்றது. இந்தப் பெயரைச் சுமக்கப் போகிறவர்களுக்கு அதைத் தேர்வதில் நம்மைவிடக் கூடுதல் உரிமை உண்டு.

கடைசியாக அக்செப்டன்ஸ். ‘ஏற்பு’ என்று எழுதுங்கள், ‘சகிப்பு’ வேண்டாம். ‘அங்கீகாரம்’ என்பது சட்டத்துக்கு. மூன்றுக்கும் மூன்று கேள்வி வேண்டும். 2013-இல் பியூ ஆய்வு மையம், சமூகம் இதை ஏற்க வேண்டுமா என்று கேட்டபோது மலேசியாவில் 9 விழுக்காட்டினர்தான் ஆம் என்றார்கள். 2022-இல் அதே மையம் திருமணத்தைப் பற்றிக் கேட்டபோது ஆதரவு 17. ‘ஒன்பதிலிருந்து பதினேழு, நாடு மாறுகிறது’ என்று உடனே எழுதத் தோன்றும். கேள்வியே வேறு, அதனால் அப்படிக் கழித்துப் பார்க்க முடியாது.

எழுதியவர்: தொலைபேசி ஆலோசனைத் தொண்டர், ஜார்ஜ்டவுன்

அண்ணன் எழுதியதில் பெரும்பாலும் எனக்குச் சம்மதம். ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

எங்களை அழைப்பவர்கள் யாரும் ‘எனக்குத் தன்பாலீர்ப்பு’ என்று சொல்வதில்லை. இளையவர்கள் ‘நான் கே’ என்கிறார்கள். அதைச் சொல்லக்கூட நேரம் எடுக்கிறது. முதலில் ‘எனக்குக் கல்யாணத்துல இஷ்டமில்ல’ என்றுதான் தொடங்கும். அம்மாக்கள் ‘என் பையன் ஒரு மாதிரி’ என்பார்கள். ‘ஒரு மாதிரின்னா?’ என்று கேட்டால் பாதிப் பேர் சொல்வது அவன் நடை, குரல், சமையலறையில் உதவி செய்வது. அவன் யாரை விரும்புகிறான் என்பது அதில் இருக்காது. ‘ஒம்போது’, ‘பொண்டான்’ என்ற வசைகள் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடுகின்றன.

இது அம்மாக்களின் குழப்பம் மட்டுமல்ல. 2011-இல் திரங்கானுவில் பெண்மை கலந்த நடத்தை என்று சொல்லி 66 பள்ளி மாணவர்களை முகாமுக்கு அனுப்பினார்கள். 2018-இல் ஒரு மலாய் நாளிதழ் கே ஆண்களை அடையாளம் காண்பது எப்படி என்று தாடி, உடற்பயிற்சிக்கூடம் எல்லாம் போட்டுப் பட்டியலே வெளியிட்டது. ஆகவே தங்கச்சி, ‘பாலின அடையாள’மும் (ஒருவர் தன்னை ஆணாகவோ பெண்ணாகவோ உணர்வது) ‘பாலீர்ப்பு’ம் வெவ்வேறு பகுதியாக இருக்கட்டும். ஒவ்வொன்றின் மேலும் ஒரு வரி விளக்கம் போடு. நீ செந்தூலில் வாயால் சொன்னாயே, அந்த வாக்கியத்தையே விளக்கமாகப் போடலாம். அதைவிட நல்லது என்னால் எழுத முடியாது.

இன்னொன்று. 2018 ஆகஸ்ட்டில் இங்கே ஜார்ஜ்டவுன் விழாவின் புகைப்படக் கண்காட்சியிலிருந்து திருநங்கை ஆர்வலர் நிஷா அயுப், கே ஆர்வலர் பாங் கீ தேக் இருவருடைய படங்களையும் எடுத்துவிட்டார்கள். தேசியக் கொடியோடு எடுத்த படங்கள். அப்போது என் உறவினர்கள் பேசியது நினைவிருக்கிறது: ‘அவங்க அப்படி இருக்கட்டும், ஆனா படம் எதுக்கு?’ இதை ஏற்பு என்று எழுதுவாயா, சகிப்பு என்றா? ‘வெளியே தெரியலாமா’ என்று ஒரு தனிக் கேள்வி வை. நம் ஆட்களிடம் உண்மையான வேறுபாடு அங்கேதான் வரும் என்று நினைக்கிறேன். பிள்ளை அப்படி இருப்பதைவிட, சித்தப்பா வீட்டுக்குத் தெரிவதுதான் பெரிய கவலை.

எழுதியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பட்டர்வொர்த்

‘பாலீர்ப்பு’ சரி. ‘நாட்ட’த்தை விட்டுவிடுகிறேன். சேர்த்தே எழுதவும், ‘பால் ஈர்ப்பு’ என்று பிரித்தால் பால்மாவு விளம்பரம் ஆகிவிடும். ‘தன்பாலீர்ப்பு’க்கு என் தடை அப்படியே இருக்கிறது, பதிவில் இருக்கட்டும். அவர்களே வைத்துக்கொண்ட பெயர் என்றால் நான் குறுக்கே நிற்கவில்லை.

எழுதியவர்: ஆய்வு மாணவி, கோலாலம்பூர்

அனைவருக்கும் நன்றி. முதல் பகுதியின் தலைப்பை இப்படி மாற்றியிருக்கிறேன்:

‘பாலீர்ப்பு: ஒருவருக்குக் காதலும் ஆசையும் யார்மேல் வருகிறது என்பது. சிலருக்கு ஆண்கள்மேல் வரும், சிலருக்குப் பெண்கள்மேல் வரும், சிலருக்கு இருவர்மேலும் வரும்.’

சட்டப் பகுதி கடைசிக்குப் போகிறது. ‘வெளியே தெரியலாமா’ கேள்வியைச் சேர்த்துவிட்டேன், சித்தப்பாவோடு. ஒன்று மட்டும் நிற்கிறது: யார்மேலும் வராதவர்கள். ‘அசெக்சுவல்’ என்பதற்கு ‘ஈர்ப்பிலி’ என்று ஒரு தோழி சொன்னாள். ‘இலி’ என்பது குறை சொல்வதுபோல இருக்கிறதா, ஐயா?